கடிதம் போனதோடு கடமை தீருமா?

2006 ஆகஸ்டில் டொமெட்டிக் நிறுவனம் அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் ஒரு குறைபாட்டைத் தெரிவித்தது. 1997 முதல் 2003 வரை அது தயாரித்த இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ்களில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டவை தீப்பிடிக்கக்கூடும் என்பதே செய்தி. ஆர்.வி. என்று அமெரிக்கர்கள் அழைக்கும் வீட்டு வண்டிகளில் பொருத்தப்பட்டவை அவை. 2008இல், 2003க்குப் பிந்தைய ஆண்டுகளில் தயாரான இன்னும் பல லட்சம் ஃபிரிட்ஜ்கள் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. 2010இல் போட்டி நிறுவனமான நார்கோல்டு தன் 1200 வரிசை ஃபிரிட்ஜ்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஆர்.வி. ஃபிரிட்ஜ் சந்தையின் பெரும்பகுதி இந்த இரண்டு நிறுவனங்களின் கையில்தான் இருந்தது.

திரும்பப் பெறுதல் என்றாலும் யாரும் வந்து ஃபிரிட்ஜை எடுத்துப் போகவில்லை. உரிமையாளருக்கு ஒரு கடிதம் போகும்; அவர் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் இலவசமாக ஒரு பாகத்தைப் பொருத்தித் தருவார்கள். கடிதம் கிடைக்காதவருக்கு ஏதாவது நேர்ந்தால் அது யார் பொறுப்பு? பட்டறையில் பொருத்தித் தரும் பாகம் உண்மையில் எதைச் சரிசெய்கிறது? இந்த இரண்டும் சட்டக் கேள்விகளாகவே பேசப்பட்டு வந்திருக்கின்றன. அவற்றின் அடியில் இருப்பது அறக் கேள்வி.

முதலில் பெட்டியைப் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டுச் சமையலறை ஃபிரிட்ஜில் இருக்கும் கம்ப்ரசர் இதில் கிடையாது. ஸ்டாக்ஹோமில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் 1922இல் கண்டுபிடித்த முறை இது. தண்ணீரில் கரைந்த அமோனியாவைக் கொதிகுழாயில் சூடாக்கினால் அமோனியா ஆவியாகப் பிரியும். மேலே போய்க் குளிர்ந்து திரவமாகும். ஹைட்ரஜன் நிரம்பிய குழாய்க்குள் இறங்கும்போது மறுபடி ஆவியாகி, சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு தண்ணீரில் கரைந்து, புவியீர்ப்பினாலேயே கொதிகுழாய்க்குத் திரும்பிவிடும். மோட்டார் இல்லை, சத்தம் இல்லை. ஒரு சிறு கேஸ் சுடர் இருந்தால் பனிக்கட்டி உறையும். மின்சாரம் எட்டாத காட்டிலும் பாலைவனத்திலும் வண்டியை நிறுத்தித் தங்குபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெட்டி நெடுங்காலம் இல்லை. ஆர்.வி. தொழிலின் தலைநகரமான இந்தியானா மாநிலத்து எல்கார்ட் பக்கத்தில், பொது மின்சாரத்தைத் தவிர்த்து வாழும் ஆமிஷ் சமூகத்தினர் வீட்டிலும் இதே வகை ஃபிரிட்ஜ்தான். பழுதான பெட்டிகளின் குளிரூட்டும் குழாய்த் தொகுதியை மட்டும் புதிதாகச் செய்து தருவதில் அவர்களில் சிலர் தேர்ந்தவர்கள்.

ஆபத்தும் அதே எளிமைக்குள் இருக்கிறது. கொதிகுழாய்க்குள் ஹைட்ரஜனும் அமோனியாவும் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 20 மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் அடைந்து கிடக்கின்றன. அதே எஃகுக் குழாயின் அடியில் இரவும் பகலும் புரொப்பேன் சுடர் எரிகிறது. டொமெட்டிக் சொன்ன குறைபாடு, நாளடைவில் அந்தக் குழாயில் விழக்கூடிய களைப்பு விரிசல். விரிசல் வழியே வாயு கசிந்தால் பற்றவைக்க நெருப்பு பக்கத்திலேயே காத்திருக்கிறது. வண்டியைச் சாய்வாக நிறுத்தினாலும் சிக்கல்தான். திரவம் ஒழுங்காகத் திரும்பாது, கொதிகுழாய் வறண்டு அளவுக்கு மீறிச் சூடேறும், குழாய் துருப்பிடிக்காமல் இருக்கக் கலந்த சோடியம் குரோமேட் உள்ளே உறைந்து அடைத்துக்கொள்ளும். வண்டியின் வெளிப்பக்கம் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு காற்றோட்டக் கதவு உண்டு. அதைக் கழற்றிப் பார்க்கும்போது குழாயின் மேல் மஞ்சள் பொடி படிந்திருந்தால், அது தூசி அல்ல. உள்ளே இருந்த குரோமேட் வெளியே வந்திருக்கிறது, குழாய் ஓட்டையாகிவிட்டது என்று பொருள். சுற்றிலும் மரச்சட்டமும் நுரைப் பலகையும். மேலே கூரை வரை போகும் காற்றுவழி தீப்பிடித்தால் புகைபோக்கியாகவே வேலை செய்யும். சில அடி தூரத்தில் கட்டில்.

அமெரிக்கச் சட்டப்படி தயாரிப்பாளர் குறைபாட்டை அரசிடம் தெரிவித்த 60 நாட்களுக்குள் உரிமையாளர்களுக்குத் தபாலில் கடிதம் அனுப்ப வேண்டும். எத்தனை வண்டிகள் சரிசெய்யப்பட்டன என்று அப்போதைய விதிப்படி ஆறு காலாண்டுகளுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அதோடு கணக்கு மூடப்பட்டது. ஒன்றரை ஆண்டு! இருபது ஆண்டு உழைக்கக்கூடிய பெட்டிக்கு.

கடிதம் யாருக்குப் போகிறது என்று பார்த்தால் நெருடல் கூடுகிறது. ஃபிரிட்ஜ் செய்தவருக்கு வண்டி வாங்கியவரைத் தெரியாது. ஃபிரிட்ஜ் வண்டி கட்டும் நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து விற்பனையாளரிடம் போய், பிறகுதான் குடும்பத்தின் கைக்கு வருகிறது. அதற்குப் பிறகு இரண்டாவது, மூன்றாவது கை. நடுவில் பெயர்ப் பட்டியல் வைத்திருந்தவர்களில் ஃப்ளீட்வுட், மொனாக்கோ என்ற இரு பெரிய வண்டி நிறுவனங்களும் 2009 மார்ச்சில் திவால் மனு கொடுத்தன. இன்னொரு பக்கம், வீட்டை விற்றுவிட்டு ஆர்.வி.யிலேயே ஆண்டு முழுவதும் வாழும் ஓய்வுபெற்றவர்கள். அவர்களில் பலருக்கு முகவரி என்பது டெக்சஸிலோ தெற்கு டகோட்டாவிலோ தபாலை வாங்கி வைத்து அவர்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பும் ஒரு நிலையம்தான். இந்தப் பெட்டியோடு இரவும் பகலும் வாழ்கிறவர்கள் அவர்களே. தபால் கடைசியாகப் போய்ச் சேர்வதும் அவர்களுக்கே.

தயாரிப்பாளர் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. வயது வந்த ஒருவரைக் கையைப் பிடித்துப் பட்டறைக்கு இழுத்துப்போக எந்த நிறுவனத்தாலும் முடியாது. கடிதம் கிடைத்தும் பிரிக்காமல் எறிபவர்கள் உண்டு. லட்சக்கணக்கான பெட்டிகளில் பெரும்பான்மை ஒருநாளும் தீப்பிடிக்கப் போவதில்லை. அரசு கேட்டதைச் செய்துவிட்ட நிறுவனத்திடம் இன்னும் என்ன கேட்பது?

இன்னும் கேட்கலாம், ஏனென்றால் இங்கே கடமையைப் பிறப்பிப்பது தெரிந்திருத்தல். குழாய் எந்த இடத்தில், எதனால் விரிசல் விடும் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். அதன் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவருக்குத் தெரியாது. ஒருவரின் உயிரைத் தொடும் செய்தி கையில் இருக்கும்போது, அதை அனுப்பியதற்குச் சான்று இருக்கிறது என்பதும் அது அவரைச் சேர்ந்தது என்பதும் வேறு வேறு. கிணற்றில் நஞ்சு கலந்ததை அறிந்தவர், பழைய பட்டியலில் இருந்த வீடுகளுக்கு மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள முடியாது. தண்ணீர் எடுக்க வருகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். முகாம் மைதானங்கள், பழுதுபார்க்கும் பட்டறைகள், காப்பீட்டு நிறுவனங்கள், வண்டிப் பதிவு அலுவலகங்கள் என்று செய்தி போகக்கூடிய வழிகள் எத்தனையோ. அவற்றில் ஆண்டுதோறும் செலவு செய்வது சட்டம் கேட்காததாக இருக்கலாம். பெட்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்வரை அறம் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அரசும் இதில் தப்ப முடியாது. வண்டி எண்ணை இட்டுத் தேடும் அதன் இணைய வசதியில் 15 ஆண்டுக்கு முந்தைய அறிவிப்புகள் பொதுவாகக் காட்டப்படுவதில்லை. 2006இன் எச்சரிக்கை இன்று அந்த எல்லைக்கு அப்பால். பெட்டிகள் பழசாகப் பழசாகத்தான் குழாய் பலவீனமாகும். எச்சரிக்கை மறையும் நேரமும் அதுவே.

அடுத்தது, பட்டறையில் பொருத்தித் தந்த பாகம். டொமெட்டிக் தந்தது எரிமுனையைச் சுற்றி இன்னொரு உலோக உறையும், சூடு எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் ஃபியூஸும். நார்கோல்டு தந்தது கொதிகுழாயின் சூட்டை அளந்து, கூடினால் பெட்டியை நிறுத்திவிடும் உணரி. இரண்டிலும் விரிசல் விடக்கூடிய அந்தக் குழாய் அப்படியே இருந்தது. நோயைத் தொடாத மருந்து என்று உரிமையாளர்கள் கொதித்தார்கள். நார்கோல்டு மீது தொடுத்த கூட்டு வழக்கு பல கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.

இந்தக் கோபத்தை அப்படியே ஏற்கவும் தயக்கம் வருகிறது. பழுதை ஒழிக்க முடியாத இடத்தில் அதன் விளைவை அடக்குவது பொறியியலில் மரியாதையான வழிதான். கட்டடங்களில் தீத்தடுப்புக் கதவு வைப்பதும் அதே எண்ணத்தில்தான். குளிரூட்டும் தொகுதி முழுவதையும் மாற்றினால் ஒரு பெட்டிக்கு ஆயிரம் டாலருக்கும் மேல் ஆகும். 9 லட்சம் பெட்டிக்குக் கணக்குப் போட்டால் 90 கோடி டாலர். நிறுவனமே மூழ்கிவிட்டால் ஃபியூஸ் பொருத்தவும் ஆள் இருக்காது. ஆகவே அடக்கி வைக்கும் வழியைத் தேர்ந்தது தன்னளவில் குற்றமாகப் படவில்லை. குற்றம் சொல்லில் இருக்கிறது. 'பரிகாரம் செய்யப்பட்டது' என்ற காகிதத்தோடு பட்டறையை விட்டு வருகிறவர், குழாய் சரியாகிவிட்டது என்றே நம்புவார். அந்த நம்பிக்கையில் பெட்டியின் பின்பக்கம் போய்ப் பார்ப்பதை விட்டுவிடுவார். அமோனியா நெடி வந்தாலும் வேறு எதையோ சந்தேகிப்பார். குழாய் பழையபடியே இருக்கிறது, நாங்கள் வைத்தது காவல் மட்டும், காவல் விழித்துக்கொண்டால் பெட்டியை மறுபடி ஓட்டாதீர்கள் என்று கொட்டை எழுத்தில் சொல்வதற்குப் பெரிய செலவு இல்லை. செலவு குறைந்த தீர்வைத் தேர்ந்தெடுத்தவர் உண்மை முழுவதையும் சொல்லக் கூடுதலாகவே கடமைப்பட்டவர்.

சொல்லாமல் விட்டதன் விளைவு உரிமையாளர் கையில் காந்தமாக வந்து நின்றது. நார்கோல்டின் உணரிப் பெட்டி ஒருமுறை இயங்கிவிட்டால் ஃபிரிட்ஜ் பூட்டிக்கொள்ளும்; பழுதுபார்ப்பவர் வந்து சோதித்த பிறகே திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அந்த உணரிப் பெட்டியின் குறிப்பிட்ட இடத்தில் ஒரு காந்தத்தைக் காட்டினால் பூட்டு விடுபட்டுவிடும். இது உரிமையாளர்களிடையே வாய்மொழியாகப் பரவியது. அரிசோனா வெயிலில், பட்டறை நூறு மைலுக்கு அப்பால் இருக்க, உள்ளே வாரத்துக்கான இறைச்சியும் யாருக்கோ வேண்டிய இன்சுலினும் இருக்கும்போது, ஒருவர் காந்தத்தை எடுத்தால் அவரைக் கொடியவர் என்று சொல்ல மனம் வராது. உணரிப் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது வண்டி சாய்ந்து நின்றதாலா, குழாய் வறண்டதாலா என்று அவரால் அறிய முடியாது. அறிய முடியாததாலேயே அவர் செய்வது சூதாட்டம். தன் உயிரை மட்டும் வைத்து ஆடினால் அது அவர் பாடு. பின்கட்டிலில் குழந்தை தூங்குகிறது. முகாமில் அடுத்த வண்டி சில அடி தள்ளித்தான் நிற்கிறது. அதிலும் கேஸ் உருளை. அவர்கள் யாரையும் அவர் கேட்கவில்லை. விளக்கைப் பார்த்த கணத்திலிருந்து தெரிந்தவர் வரிசையில் அவரும் சேர்ந்துவிடுகிறார். பனிக்கட்டி வாங்கி வந்து மருந்தைக் காப்பாற்றலாம், கேஸை அடைத்துவிடலாம். சிரமம்தான், ஆனால் முடியாததல்ல.

வண்டியை விற்கிறவரும் இதே வரிசையில்தான் நிற்கிறார். கடிதத்தை இழுப்பறையில் போட்டுவிட்டு, 'எல்லாம் நன்றாக ஓடுகிறது' என்று சொல்லி விற்பது பொய் அல்ல என்று அவர் தன்னைத் தேற்றிக்கொள்ளலாம். வாங்குகிறவர் கேட்கத் தெரியாத கேள்விக்கு விடை கையில் வைத்துக்கொண்டு மௌனமாக இருப்பது விலையில் ஏமாற்றுவதைவிடக் கனமான ஏமாற்று. புதிய வண்டியைத் திரும்பப் பெறும் அறிவிப்பு நிலுவையில் இருக்கும்போது விற்க அமெரிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. பழைய வண்டிக்கு அப்படி ஒரு கூட்டாட்சித் தடை இல்லை. விற்பனையாளர் சங்கங்கள் இதற்குச் சொல்லும் காரணம், பாகம் வரும்வரை வண்டிகள் தேங்கிவிடும் என்பது. கதவுப் பிடி போன்ற குறைக்கு அந்த வாதம் எடுபடும். பக்கத்தில் படுத்து உறங்கும் பெட்டியில் தீ என்றால் எடுபடாது.

வாடகை வண்டிகளில்தான் சட்டம் ஒரு படி முன்னே போனது. 2004இல் கலிஃபோர்னியாவில், திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தும் சரிசெய்யாத வாடகைக் காரில் சென்ற சகோதரிகள் இருவர், வண்டி தீப்பிடித்து விபத்துக்குள்ளாகி இறந்தார்கள். அவர்களின் தாய் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பலனாக 2015இல், நிலுவை அறிவிப்புள்ள வண்டிகளை வாடகைக்கு விடக் கூடாது என்று சட்டம் வந்தது. ஆனால் அது 35க்கு மேற்பட்ட வண்டிகள் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு மட்டும். 10,000 பவுண்டு, அதாவது சுமார் 4,536 கிலோ மொத்த எடைக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும். குடும்பத்தோடு தூங்கிப் பயணிக்கும் மோட்டார் ஹோம்களில் பெரும்பாலானவை அந்த எடையைத் தாண்டியவை. கோடை விடுமுறையில் யெல்லோஸ்டோனுக்கும் கிராண்ட் கேன்யனுக்கும் ஒரு வாரத்துக்கு ஆர்.வி. எடுக்கும் எந்தக் குடும்பத்தினரும், அங்கே வேலைக்குப் போயிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் உட்பட, கடிதம் வந்திருக்கக்கூடிய முகவரியில் இல்லாதவர்கள். ஃபிரிட்ஜின் பின்கதவைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. வண்டியைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் வாடகைக்கு விடுகிறவர் ஒருவரே. ஒரு வண்டி வைத்திருந்தாலும் நூறு வைத்திருந்தாலும், காரானாலும் ஐந்து டன் மோட்டார் ஹோமானாலும், சாவியைக் கொடுக்கும் முன் நிலுவை அறிவிப்பு உண்டா என்று பார்த்துச் சொல்ல அவரைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். அந்த எடை வரம்பு தீயின் ஆபத்தை அளந்து வைத்ததல்ல. அதை நீக்காமல் வைத்திருக்க ஏற்கத்தக்க காரணம் எதுவும் தென்படவில்லை.