மைதானத்திலும் வீட்டு வாசலிலும் மோட்ச வழி



சொற்பக் காரியத்தில் ஒருவன் எவ்வளவு பிரமாணிக்கமாய் நடக்கிறானோ, அதைக்கொண்டே பெரிய காரியத்தில் அவன் எப்படி நடப்பான் என்று அறியலாம் என நமதாண்டவராகிய சேசுநாதர் போதித்தருளினார். இதை நாம் அடிக்கடி கேட்கிறோம். கேட்டுவிட்டு, சொற்பக் காரியம் என்றால் காலைச் செபம், மாலைச் செபம், சாப்பாட்டுக்கு முன் சிலுவை அடையாளம், அவ்வளவுதான் என்று எண்ணிக்கொள்கிறோம். மற்ற நேரமெல்லாம் நம்முடைய சொந்த நேரம், அதில் சர்வேசுரனுக்கு வேலையில்லை என்பது நம் எண்ணம்.

நம் பங்கு வாலிபன் ஒருவனுடைய நாளை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் எழுகிறான். வாசலில் கட்டியிருக்கும் நாய் அவனைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. அதை அவிழ்த்து நடத்திக்கொண்டுபோய் வருகிறான். மலைமேல் வெயில் ஏறுமுன் மைதானத்துக்கு ஓடுகிறான். பிறகு கல்லூரி, அல்லது வேலை. மாலையில் மறுபடியும் பந்து. இரவில் நாய்க்குச் சோறு, தனக்குச் சோறு, தூக்கம். இப்படிப்பட்ட நாளில் மோட்ச வழி எங்கே இருக்கிறது? "ஆட்டமும் நாயுமாய்க் கெட்டுப்போகிறானே" என்று தாய் தகப்பன்மார் முறையிடுவதுமுண்டு.

பெற்றோரே, விளையாட்டு பாவமன்று. நாய் வளர்ப்பதும் பாவமன்று. இரண்டும் சர்வேசுரன் தந்த நன்மைகள். அவற்றை உங்கள் மகன் எந்த இடத்தில் வைத்திருக்கிறான், அவற்றிலிருந்து எதைக் கற்றுக்கொள்கிறான் என்பதே கேள்வி. நன்மையானதொன்று தன் இடத்தில் இருந்தால் அது ஏணி. சர்வேசுரனுடைய இடத்தில் ஏறி உட்கார்ந்தால் அது விக்கிரகம். இதை இரண்டு வாலிபருடைய சீவியத்தைக் கொண்டு ஆராய்ந்து பார்ப்போம்.

முதலாவது, விளையாட்டு. எரிக் லிடல் என்பவர் 1902-ம் ஆண்டு சீன தேசத்துத் தியன்சின் நகரில், ஸ்காட்லாந்து மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தார். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர், பிரிந்த சகோதரர். ஆயினும் நல்ல மாதிரிகையை எங்கே கண்டாலும் கற்றுக்கொள்வது நமக்கு இலாபமே. எடின்பரோ நகரில் படிக்கும்போது அவர் ரக்பி ஆடினார். 1922, 1923-ம் ஆண்டுகளில் ஸ்காட்லாந்து தேசத்துக்காக ஏழு பந்தயங்களில் இறங்கினார்.

ரக்பி என்றால் நம்மில் பலர் பார்த்திராத ஆட்டம். நம் கபடியில் பாடிப் போகிறவனை எதிரணியார் மடக்கிப் பிடிப்பதுபோல், அதில் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிறவனை மடக்கித் தள்ளுவார்கள். பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்து முட்டை வடிவம். அந்த ஆட்டத்துக்கும் நம் தேசத்துக்கும் ஒரு பழைய உறவுண்டு. கல்கத்தாவிலிருந்த ஒரு சங்கம் கலைந்தபோது, மீதியிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கிண்ணம் செய்தார்கள். நல்லபாம்பு வடிவக் கைப்பிடிகளும், மூடியில் யானையும் கொண்ட அந்தக் கிண்ணத்துக்காகவே 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் போட்டியிட்டு வருகின்றன.

இந்த ஆட்டத்தில் ஒரு சட்டம் கவனிக்கத்தக்கது. கையிலுள்ள பந்தை முன்னே நிற்பவனுக்கு எறியக் கூடாது. பக்கத்திலோ பின்னாலோ வருகிறவனுக்கே கொடுக்க வேண்டும். முன்னே போனவன் எவ்வளவு கெட்டிக்காரனானாலும், பின்னால் ஓடிவருகிறவனை நினைத்தே ஆட வேண்டும். தான் மடக்கப்படும் நேரத்தில் பந்தை இன்னொருவன் கையில் சேர்த்துவிட்டு, மண்ணில் விழ வேண்டும். தன்னை மறந்து பிறனை நினைப்பது ஞானோபதேசத்தில் படிக்கும் பாடமல்லவா? அதையே மைதானம் சரீரத்துக்குப் பழக்குகிறது. அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதும்போது, ஓட்டக்காரரும் மல்லரும் அழிந்துபோகும் முடிக்காகத் தங்கள் சரீரத்தை அடக்கி ஆளுகிறார்களே, அழியாத முடிக்காக நாம் எவ்வளவு அடக்க வேண்டும் என்று காட்டுகிறார்.

லிடல் பிறகு ரக்பியை விட்டு ஓட்டத்தில் முழுக் கவனம் செலுத்தினார். 1924-ம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் பந்தயம் வந்தது. நூறு மீட்டர் ஓட்டமே அவருக்குக் கைவந்தது. ஆனால் அதன் முதற்சுற்று ஞாயிற்றுக்கிழமையில் வைக்கப்பட்டிருந்தது. ஞாயிறு ஆண்டவருடைய நாள், அன்று ஓடேன் என்று பல மாதங்களுக்கு முன்பே சொல்லிவிட்டார். தேசத்துக்குப் பெருமை தேடித்தர மறுக்கிறான் என்று தூற்றினவர்கள் உண்டு. அவர் அசையவில்லை. தமக்கு அவ்வளவு பழக்கமில்லாத நானூறு மீட்டர் ஓட்டத்தில் ஜூலை 11-ந் தேதி இறங்கி, 47.6 வினாடியில் ஓடி முதற்பரிசைப் பெற்றார்.

இந்தக் கதையைக் கேட்டதும், "ஞாயிற்றுக்கிழமையைக் காத்தார், பரிசு கிடைத்தது" என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். பரிசு கிடைக்காமல் போயிருந்தாலும் அவர் செய்தது நியாயமே. சர்வேசுரனோடு நாம் வியாபாரம் செய்வதில்லை. கதையின் பிற்பகுதியே இதைவிட மேலான பாடம். அவர் 1925-ம் ஆண்டு புகழையெல்லாம் விட்டுச் சீன தேசத்துக்குப் போய்ப் பள்ளி ஆசிரியராகவும் மிஷனரியாகவும் உழைத்தார். யுத்த காலத்தில் மனைவி மக்களைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டுத் தாம் அங்கேயே தங்கினார். 1943-ல் ஜப்பானியர் அவரை வெய்சியன் என்ற இடத்துச் சிறைமுகாமில் அடைத்தார்கள். அங்கே தாய் தகப்பனைப் பிரிந்த பிள்ளைகள் பலர் இருந்தார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, விளையாட்டுகளையும் அவரே நடத்திவைத்தார். ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் இல்லை. ஒரு ஞாயிறன்று பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடினார்கள். நடுவர் இல்லாததால் ஆட்டம் அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறன்று நடுவராய் வந்து நின்றவர் யார்? லிடலேதான். முகாமில் அவரோடிருந்தவர்கள் இதைச் சாட்சியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

தமது புகழுக்காக ஞாயிறன்று ஓட மறுத்தவர், பிள்ளைகள் அடித்துக்கொள்ளாதபடி ஞாயிறன்று மைதானத்தில் நின்றார். இரண்டிலும் அவர் தேடியது ஒன்றே: சர்வேசுரனுடைய சித்தம். மனிதனுக்காகவே ஓய்வுநாள் உண்டாயிற்று என்ற சேசுநாதருடைய போதனையை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. 1945-ம் ஆண்டு பிப்ரவரி 21-ந் தேதி, விடுதலைக்குச் சில மாதங்களுக்கு முன், மூளையில் கட்டி கண்டு முகாமிலேயே மரித்தார். வயது 43. தம் கடைசிக் குழந்தையின் முகத்தை அவர் பார்த்ததேயில்லை.

நம் திருச்சபை ஞாயிற்றுக்கிழமையில் விளையாட்டைத் தடுக்கவில்லை. அன்று பூசை காண வேண்டும், இளைப்பாற வேண்டும் என்றே கட்டளையிடுகிறது. சனிக்கிழமை மாலைப் பூசை கண்டாலும் கடன் நிறைவேறும் என்று 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. ஆகையால் "ஞாயிறன்று வெளியூரில் பந்தயம் இருந்தது" என்ற சாக்குக்குப் பெரும்பாலும் இடமில்லை. பந்தய அட்டவணை கைக்கு வந்தவுடன், எந்தப் பூசைக்குப் போவது என்று அன்றே தீர்மானிக்கிற வாலிபன் சொற்பக் காரியத்தில் பிரமாணிக்கமுள்ளவன். ஒரு வாரம் தப்பினால் மறுவாரம் தப்புவது எளிது. மூன்றாம் வாரம் மனச்சாட்சி பேசாது. அங்கேதான் பசாசு காத்திருக்கிறது.

இரண்டாவது, வாசலில் நிற்கும் நாய். வேதாகமத்தில் தொபியாசின் சரித்திரத்தை வாசித்திருப்பீர்கள். அர்ச். இரபாயேல் சம்மனசானவரோடு வாலிபனான தொபியாஸ் பிரயாணம் புறப்பட்டபோது, அவன் நாயும் கூடவே போயிற்று. திரும்பி வரும்போதும் வந்தது. பழைய இலத்தீன் பிரதியில், அது வாலைக் குழைத்துக்கொண்டு முன்னே ஓடி வந்ததாகவும் இருக்கிறது. "நாயை வீட்டில் விட்டு வா" என்று அதிதூதர் சொன்னதாக எங்கும் இல்லை. வாலிபரின் தந்தையான அர்ச். தொன்போஸ்கோவுக்கும், ஆபத்து வேளைகளில் எங்கிருந்தோ வந்து துணைநின்ற ஒரு சாம்பல்நிற நாய் இருந்தது. அவரே சிறுவயதில் கயிற்றின்மேல் நடந்து வித்தை காட்டி, வேடிக்கை பார்க்க வந்தவர்களைச் செபமாலை சொல்லவைத்து, காலையில் கேட்ட பிரசங்கத்தைத் திரும்பச் சொன்னவர். 1952-ம் ஆண்டு ஏற்பட்ட நம் வேலூர் மேற்றிராசனத்தின் முதல் மேற்றிராணியார் அவருடைய சபையைச் சேர்ந்தவர் என்பதை நாம் மறக்கலாகாது.

நம் காலத்திலே இதற்கு இன்னும் அருகான மாதிரிகை உண்டு. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி பரிசுத்த பிதா 14-ம் சிங்கராயர் (லியோ) அர்ச்சியசிஷ்டராகப் பிரகடனம் செய்த கார்லோ அக்குத்திஸ், இத்தாலி தேசத்து மிலான் நகரில் வளர்ந்த பையன். நண்பர்களோடு கால்பந்து ஆடினான். கம்ப்யூட்டரில் கெட்டிக்காரன். வீட்டில் நான்கு நாய்கள், இரண்டு பூனைகள். நாய்களை வைத்து வேடிக்கைப் படங்கள் எடுப்பான். ஆனால் தினமும் பூசை கண்டு நன்மை வாங்குவான். வீடியோ விளையாட்டுக்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தனக்குத்தானே வரம்பு வைத்துக்கொண்டான். வீதியில் படுத்திருக்கும் ஏழைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பான். 2006-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி இரத்தப் புற்றுநோயால் மரித்தபோது அவனுக்கு வயது பதினைந்து. அவன் நாய்களை நேசித்ததால் அர்ச்சியசிஷ்டனாகவில்லை. நாய்களை நேசித்த அதே இருதயம் ஏழைகளையும் நற்கருணை நாதரையும் அவரவருக்குரிய அளவில் நேசித்தது. அந்த ஒழுங்கே அர்ச்சியசிஷ்டதனம்.

மிருகங்களை அன்போடு நடத்துவது மனிதர் கடமை, வீணாக அவற்றை வதைப்பது மனித மகிமைக்கு ஈனம் என்று திருச்சபையின் ஞானோபதேசம் கற்பிக்கிறது. மனிதருடைய துன்பத்தைப் போக்கச் செலவிட வேண்டிய பணத்தை அவற்றுக்குக் கொட்டுவதும், மனிதருக்கே உரிய பாசத்தை அவற்றின்மேல் வைப்பதும் தகாது என்றும் அதே இடத்தில் எச்சரிக்கிறது. ஐசுவரியவானின் வாசலில் கிடந்த லாசரின் புண்களை நாய்கள் நக்கின. வீட்டுக்காரன் ஏறிட்டும் பாராதவனை நாய் பார்த்தது! நம் வாசலில் நாய்க்கு இடமிருந்து லாசருக்கு இடமில்லையென்றால், அந்த நாயே நமக்கு விரோதமாய்ச் சாட்சி சொல்லும்.

நம் திருவண்ணாமலையில் நாய்களுக்குக் குறைவில்லை. கிரிவலப் பாதை நெடுகிலும், கடைத்தெருவிலும், நம் வீட்டுச் சந்துகளிலும் அவை இருக்கின்றன. ரமணாசிரமத்துக்குப் போனவர்கள், அங்கே ஜாக்கி என்ற நாய்க்குச் சமாதி இருப்பதைப் பார்த்திருப்பார்கள். வேறு மார்க்கத்தாரான நம் அயலார் வாயில்லாச் சீவனுக்கு இவ்வளவு இரக்கம் காட்டும்போது, குட்டியாயிருக்கையில் கொஞ்சி வளர்த்து, நோய் வந்ததும் சாக்கில் கட்டி ஊர்ப்புறத்தில் விட்டுவிடுவது கிறிஸ்தவர்களுக்கு அழகா? விடப்பட்ட நாய் பசியால் அலைகிறது, கடிக்கிறது. கடிபடுவது அநேகமாய் ஏழை வீட்டுக் குழந்தை. ஆகையால் நாயைத் தெருவில் விடுகிறவன் பிறர்சிநேகத்துக்கும் விரோதமாய்க் குற்றம் செய்கிறான்.

நாய் வளர்க்கிறவர்கள் குட்டிக்கு மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, வருடந்தோறும் தவறாமல் போட்டுவர வேண்டும். தண்ணீர் வைக்க மறக்கக் கூடாது. பகல் முழுதும் வெயிலில் கட்டிவைக்கக் கூடாது. எந்த நாய் கடித்தாலும், சிறு கீறலானாலும், உடனே குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிஷம் காயத்தைக் கழுவுங்கள். மிளகாய்த் தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி இலவசம். சொன்ன தேதிகளில் ஒன்றுவிடாமல் போட்டு முடியுங்கள். வெறிநோய் கண்டபின் பிழைப்பது மிக அரிது. இதையெல்லாம் பிரசங்கத்தில் சொல்வானேன் என்று கேட்கலாம். உயிரைக் காப்பது ஐந்தாம் கற்பனையைச் சேர்ந்த கடமை.

ஆகையால் வாலிபரே, இந்த வாரத்துக்கு மூன்று பிரதிக்கினைகள் செய்துகொள்ளுங்கள். மைதானத்தில் கால் வைக்குமுன் சிலுவை அடையாளம் வரைந்து, அன்றைய ஆட்டத்தைச் சர்வேசுரனுக்கு ஒப்புக்கொடுங்கள். தோற்றாலும் எதிராளியின் கையைப் பிடித்துக் குலுக்குங்கள். காலையில் நாய்க்குச் சோறு வைக்கும்போது, சோறில்லாத மனிதன் ஒருவனை நினைத்து, அந்த வாரத்தில் அவனுக்கு ஒரு வேளையாவது கொடுங்கள். எந்தப் பந்தயம் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடேன் என்று உறுதி செய்யுங்கள்.

பெற்றோரே, "ஆட்டம் வேண்டாம், நாய் வேண்டாம்" என்று தடுப்பது எளிது. தடுக்கப்பட்ட பையன் தடுக்கப்படாத வேறொன்றைத் தேடிக்கொள்வான். அதைவிட, அவன் ஆடும் பந்தயத்தைப் போய்ப் பாருங்கள். அவனோடு கூடப் பூசைக்கு வாருங்கள். தொபியாசோடு ஒரு சம்மனசானவர் வழிநடந்ததுபோல், உங்கள் மகனோடும் காவல் சம்மனசானவர் நடக்கிறார். மைதானத்துக்கும் போகிறார், இரவில் வாசலில் நாயின் சங்கிலியை அவன் மாட்டும்போதும் பக்கத்தில் நிற்கிறார். அவருக்கு வெட்கம் உண்டாகாதபடி அவன் நடந்தால், அதுவே மோட்ச வழி.

தேவமாதா நம் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்ளக்கடவாள். ஆமென்.