எள்ளலின் எல்லை

நகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு எனத் தொல்காப்பியர் வகுத்தார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளலை அவர் முதலில் வைத்தது தற்செயலன்று என்பது என் எண்ணம். இதற்கு உரை கண்ட பேராசிரியர் இன்னும் ஒரு படி சென்று, பிறரை எள்ளித் தான் நகுவது ஒன்று, பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தானும் நகுவது மற்றொன்று என அதனை இருவகைப்படுத்துகிறார். முதல் வகையை எவரும் அறிவர். இரண்டாவதை நன்கு அறிய வேண்டுமானால் ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்க வேண்டும். தலைநகரில் மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தனாக இருக்கும் எனக்கு நண்பகல் உணவு வேளையில் அதில் பயிற்சி கிடைக்கிறது. தயிர்சாதப் பாத்திரத்தை நான் திறந்ததும் நண்பர் ஒருவர் திரைப்படத்து ‘மதராஸி’யின் குரலில் ‘அய்யய்யோ’ என்பார். எல்லோரும் நகைப்பர், நானும் நகைப்பேன். அந்த நண்பர் தீயவரல்லர். என் மகளுக்கு நள்ளிரவில் காய்ச்சல் கண்டபோது தம் வண்டியில் மருத்துவரிடம் அழைத்துச் சென்றவர் அவரே. ஆகவேதான் இந்த வினா எளிதாக இல்லை.

அந்தக் குரலின் மூலத்தைத் தேடினால் 1968இல் வெளிவந்த ‘படோசன்’ என்னும் இந்திப் படத்தை எட்டாமல் இருக்க முடியாது. பாடத் தெரியாத போலா, இசைப்பித்துக் கொண்ட அண்டை வீட்டுப் பெண்ணை விரும்புகிறான். நண்பன் மறைவில் நின்று பாட, இவன் வாயசைக்கிறான். அப்பெண்ணுக்குக் கலை கற்பிக்கும் ‘மாஸ்டர் பிள்ளை’யாக வருபவர் மெஹ்மூத். குடுமியும் வேட்டியும், இந்தியைத் தாறுமாறாக உடைக்கும் நாக்குமே அவருடைய கோலம். மன்னா தேயும் கிஷோர் குமாரும் பாடிய போட்டிப் பாடலை எவரும் மறந்திலர். நானும் அதன் இரசிகனே.

நம்மில் பலர் கவனியாத செய்தி ஒன்று உண்டு. இக்கதை 1952இல் ‘பாஷேர் பாரி’ என வங்காளத்தில் படமாயிற்று. 1953இல் தெலுங்கிலும், 1960இல் ‘அடுத்த வீட்டுப் பெண்’ எனத் தமிழிலும் வந்தது. அஞ்சலிதேவியும் டி. ஆர். இராமச்சந்திரனும் நடித்த தமிழ்ப் படத்திலும் பாடத் தெரியாத காதலன் உண்டு. ஒளிந்து பாடும் நண்பன் உண்டு. சீர்காழி கோவிந்தராஜனும் திருச்சி லோகநாதனும் பாடிய போட்டிப் பாடலும் உண்டு. அங்கே நகைப்பிற்குக் காதல் பித்தும், இரவல் குரலும், போட்டியில் தோற்றுவிடுவோமோ என்ற பதைப்புமே போதுமானவையாக இருந்தன. இந்திக்குப் போனபோதுதான் அக்கதைக்குக் குடுமி முளைத்தது. இதைவிடத் தெளிவான சோதனை வேறென்ன வேண்டும்? ஒரு பாத்திரத்தின் ஊரையும் இனத்தையும் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தாலும் வேடிக்கை நிற்குமாயின், அந்த இன அடையாளம் மேலே தூவிய காரப்பொடி. கழற்றியதும் ஒன்றும் எஞ்சாதாயின், நகைக்கப்பட்டது மனிதனன்று, அவன் பிறப்பே. 2011இல் வந்த ‘ரா ஒன்’ படத்தில் சேகர் சுப்பிரமணியம் நூடுல்ஸில் தயிரைப் பிசைந்து கையால் உண்கிறார். சுப்பிரமணியம் என்ற பெயரை எடுத்துவிட்டால் அக்காட்சியில் என்ன மிச்சம்?

நகைச்சுவை என்றாலே மிகைதான், பஞ்சாபியையும் குஜராத்தியையுங்கூடத்தான் கேலி செய்கிறார்கள் என்று மறுப்புரைப்பார் உளர். உண்மைதான். ஆனால் இந்தித் திரையில் ஒரு பஞ்சாபி அசடன் வந்தால், அடுத்த காட்சியிலேயே பஞ்சாபி வீரனும் பஞ்சாபித் தாயும் வந்துவிடுகிறார்கள். அசடன் ஒரு தனி ஆளாகவே நின்றுவிடுகிறான். 1968இல் கான்பூரிலோ ஜபல்பூரிலோ படம் பார்த்தவருக்குத் தமிழரின் முகம் வேறு எங்கே தென்பட்டிருக்கும்? அதே ஆண்டுகளில், 1966இல் தோன்றிய சிவசேனை பம்பாயில் தென்னாட்டாருக்கு எதிராகக் கிளர்ச்சி நடத்தியது. அவர்களின் உடையைப் பழிக்கும் கோஷம் தெருவில் ஒலித்தது. உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டன. படத்திற்கும் கல்லெறிக்கும் முடிச்சுப் போட நான் முனையவில்லை. ஆயினும் மாலையில் திரையில் கண்டு நகைத்த வேட்டி, காலையில் தெருவில் எதிர்ப்படும்போது அதை அணிந்திருப்பவனின் நெஞ்சு எப்படித் துடித்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கிறேன்.

இந்தச் சோதனைக்கும் பிடிபடாத பாத்திரங்கள் உண்டு. 1990இல் வந்த ‘அக்னிபத்’ படத்தின் கிருஷ்ணன் ஐயர் எம்.ஏ. அத்தகையவர். எம்.ஏ. படித்த ஐயர் பம்பாயில் இளநீர் விற்கிறார்! நம் ஊர்க் கிழவிகள் கேட்டால் கன்னத்தில் கை வைத்துக்கொள்வார்கள். மிதுன் சக்கரவர்த்தி பேசும் அந்தத் தமிழ்வாடை இந்தி எந்தத் தமிழரும் பேசாதது. ஆயினும் கதாநாயகனின் உயிரைக் காப்பவர் அவர். தங்கையைக் காவல் காக்கும் நம்பிக்கைக்கு உரியவராகி, அவளது காதலையும் பெறுகிறார். அரங்கம் அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் வென்றபோது கை தட்டவும் செய்தது. இதை இழிவு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. உச்சரிப்பிற்கு அப்பால் அவருக்கு ஒரு நெஞ்சு தரப்பட்டிருக்கிறது.

இனி நம் முற்றத்தையும் பார்க்க வேண்டும். ‘நம்பள்’, ‘நிம்பள்’ என்று பேசி, வட்டிக் கணக்கையன்றி வேறொன்றும் அறியாத சேட்டு நம் படங்களில் எத்தனை முறை வந்து போயிருக்கிறார்! சௌகார்பேட்டையில் தலைமுறைகளாக வாழ்ந்து, பிள்ளைகள் சென்னைத் தமிழையே தம் மொழி போலப் பேசும் குடும்பங்கள் எத்தனையோ உள்ளன. நம் திரையில் அவர்கள் மாஸ்டர் பிள்ளைகள். தேநீர்க்கடை நாயரும், வாயிற்காவல் கூர்க்காவும் அவ்வாறே. ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தின் பாலக்காட்டுச் சமையற்காரர் காமேசுவரனை இவர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் பேச்சும் நகைப்பூட்டுவதே. ஆனால் காது கொடுத்துக் கேட்டு எழுதிய பேச்சு அது. அவரது அச்சமும் நாணமும் நேர்மையும் அதற்குள் இருக்கின்றன. பாலக்காட்டார் அதைத் தம் பேச்சென்று உரிமை கொண்டாடக் காரணம் அதுவே.

கூர்க்காவைக் குறிப்பிட்டதற்குக் காரணமுண்டு. 2014 ஜனவரியில் இத்தில்லியின் லாஜ்பத் நகரில், அருணாசலப் பிரதேசத்து மாணவர் ஒருவரின் தலைமுடியை எள்ளியதில் தொடங்கிய சச்சரவு அவர் சாவில் முடிந்தது. வடகிழக்கு மாநிலத்தார் படும் துயரை ஆராய அரசு பெஸ்பருவா குழுவை அமைத்தது. எள்ளலைப் பொறுத்துக்கொள்வதே பெருந்தன்மை என்று நம் பிள்ளைகளுக்கு அறிவுரை கூறுமுன் நாம் இதை நினைவிற்கொள்ள வேண்டும். எள்ளப்பட்டவன் சிரிக்க மறுக்கும் கணமொன்று வரக்கூடும். அப்போது எள்ளியவர் என்ன செய்வார் என்பதில்தான், அதுவரை நடந்தது விளையாட்டா அன்றா என்பது வெளிப்படும்.

இன, சமயக் குழுக்களை இழிவுபடுத்தும் காட்சியும் சொல்லும் கூடா எனத் தணிக்கைக்கான 1991ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் கூறவே செய்கின்றன. கோப்புகளோடு காலங்கழிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: குரலின் தொனியை நிறுக்கும் தராசு எந்த விதியிலும் இல்லை. விதியை இறுக்கினால் காமேசுவரனும் வெட்டுப்படுவார்.

நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டு விழாவில் முதல் மாலை ‘அடுத்த வீட்டுப் பெண்’ணையும், மறுநாள் ‘படோச’னையும் திரையிடலாம். பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்துவோம். அலுவலக நண்பர்களையும் அண்டை வீட்டு இந்திக்காரர்களையும் இரு நாளும் அழைப்போம். என் அழைப்பில் முதலில் வரப்போகிறவர் அந்த ‘அய்யய்யோ’ நண்பர். தயிர்சாதம் நான் கொண்டுவருகிறேன்.