பலகையில் இல்லாத இலக்கம்

அக்கராயன்குளத்தில் தண்ணீர் போதாத ஆண்டில் சிறுபோகக் கூட்டம் நீண்டுகொண்டே போகும். எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எவ்வளவு பங்கு, எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் தண்ணீர் என்று கமக்காரர் அமைப்புகளும் அதிகாரிகளும் இருந்து பேசி முடிவெடுக்க வேண்டும். சச்சரவு வரும். பங்கு பிரித்ததில் பட்சபாதம் என்று குரல் உயரும். தன் பங்கை இன்னொருவருக்குக் காசுக்குக் கொடுத்துவிட்டார் என்ற புகாரும் எழும். இவ்வளவு பேச்சுக்கும் நடுவில் ஒரு யோசனையை மட்டும் யாரும் முன்வைப்பதில்லை: தண்ணீரை ஏலம் விட்டு, கூடக் கேட்பவரின் வயலுக்கு மட்டும் துருசைத் திறந்துவிடலாம் என்பது. இரணைமடுவின் கீழும் அப்படித்தான். சிங்களக் கிராமங்களில் வரட்சிக் காலத்தில் வயலையே தற்காலிகமாகப் பங்கிட்டுக்கொள்ளும் பெத்ம முறைக்குப் பின்னாலும் இதே உணர்வுதான் இருக்கிறது. ஒரு பொருள் அரிதாகும்போது அதன் விலையை ஏற்றுவதுதான் இயல்பு என்று பொருளியல் பாடநூல் சொல்லும். குளத்தின் கீழ் வாழ்கிறவர்கள் அந்தப் பாடத்தை அறியாதவர்கள் அல்லர். நெல்லையும் மிளகாயையும் அவர்கள் அந்த விதிப்படியே விற்கிறார்கள். தண்ணீருக்கு மட்டும் அது பொருந்தாது என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

கூரைக்கு அது பொருந்துமா என்பதுதான் இங்கே கேள்வி. அக்கராயனில் வாடகைச் சந்தை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முறிகண்டிச் சந்திக்குப் போய் ஏ9 வீதியில் ஏறினால்தான் அது தொடங்குகிறது. கிளிநொச்சி நகரமும் அறிவியல் நகரும் இன்று வெளியிலிருந்து வருகிறவர்களால் நிரம்புகின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், வேளாண்மை, தொழில்நுட்ப பீடங்கள், ஆடைத் தொழிற்சாலை, மாவட்ட வைத்தியசாலை, செயலகம், வங்கிகள் எல்லாம் ஒரே வீதியை ஒட்டி நிற்கின்றன. இடமாற்றம் கிடைத்து வரும் ஆசிரியர், தாதி, வங்கி உத்தியோகத்தர், விரிவுரையாளர் எல்லாருக்கும் தேவைப்படுவது ஒரே வகை வீடு: இரண்டு அறை, தனிக் கிணறு அல்லது குழாய்த் தண்ணீர், உள்ளே குளியலறை, பிரதான வீதிக்கு அருகில். அப்படிப்பட்ட வீடு இங்கே ஏன் குறைவு என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு, மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பியவர்கள் கண்டது கூரையற்ற சுவர்களையும் சுவரற்ற அத்திவாரங்களையும். பின்னர் எழுந்த வீடுகளில் பெரும்பகுதி ஒரு குடும்பம் குடியிருப்பதற்காக, உதவித் திட்டங்களின் அளவுக்குள் கட்டப்பட்டவை. வாடகைக்கு விடுவதற்காக எழுந்தவை அல்ல.

இந்தச் சந்தைக்குள் நுழையும் ஒரு சோடியைக் கற்பனை செய்துகொள்வோம். கணவருக்கு அக்கராயன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் வேலை, மனைவிக்கு மாவட்ட வைத்தியசாலையில். இருவரில் எவருக்கும் இங்கே சீதன வீடு கிடையாது. ஒரு வீட்டைப் பார்க்கிறார்கள். மாதம் 25,000 ரூபா, ஆறு மாத முற்பணம் என்று சொல்லப்படுகிறது. ஒத்துக்கொள்கிறார்கள். அடுத்த நாள் தொலைபேசி வருகிறது. "இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்கினம். ஒரு ஐயாயிரம் கூட்டித் தாறதெண்டால் உங்களுக்கே தரலாம்." அந்த இரண்டு பேர் உண்மையில் இருக்கிறார்களா என்று இவர்களுக்குத் தெரிய வழியில்லை. இருந்தால், அவர்களுக்கும் இதே அழைப்பு போயிருக்கும். கொழும்பில், வெள்ளவத்தையில் தொடர்மாடி தேடுகிற தமிழ்ச் சோடிகளுக்கு இது பழகிய கதை. அங்கே ஒரு வருட முற்பணமும் தரகருக்கு ஒரு மாத வாடகையும் சேர்ந்து வரும். கிளிநொச்சிக்கு இந்தப் பழக்கம் ஏ9 வழியாக வந்ததா, வெளிநாட்டு அழைப்புகள் வழியாக வந்ததா என்பது தனிக் கதை.

கூடிய வாடகை கேட்பது தவறு என்று இங்கே வாதிடப்படவில்லை. வீட்டுக்காரர் 40,000 கேட்கட்டும். சரிவராதவர் திரும்பிப் போவார். தவறு நிகழ்வது வேறிடத்தில், சொன்ன வாடகையைச் சொல்லாததாக்கி, தேடி வந்தவர்களை ஒருவருக்கு எதிராக ஒருவர் கூட்டிக் கேட்க வைக்கும்போது. அந்த ஐயாயிரம் எதற்கான விலை என்று பார்க்க வேண்டும். வீட்டில் ஒரு அறை கூடவில்லை. கிணற்றில் தண்ணீர் ஏறவில்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் கூடியது ஒன்றே ஒன்று: அடுத்த மாதம் முதலாம் திகதிக்குள் இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்தைப் போக்குவதற்கான கட்டணம்தான் ஐயாயிரம். அந்தப் பயத்தை உண்டாக்கியதும் அதே தொலைபேசி அழைப்பு. மாடு வாங்கப் போகிறவர் விலை ஏறினால் இந்தப் போகம் வேண்டாம் என்று திரும்பலாம். கூரை தேடுகிறவர் இந்தப் போகம் வெயிலில் இருக்கிறேன் என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்ல முடியாதவரிடம் நடத்தும் ஏலத்தை ஏலம் என்பதே பெருந்தன்மையான பெயர்.

என் வீடு, என் விருப்பம் என்பது முதலில் வரும் மறுப்பு. குளத்துத் தண்ணீர் ஊருக்குப் பொது, வீடு என் உடைமை, இரண்டையும் ஏன் ஒன்றாக வைக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் அது நினைக்கிற அளவுக்குத் தூரம் போவதில்லை. உடைமை விலை வைக்கும் உரிமையைத் தருகிறது. வைத்த விலையை வாய்விட்டுச் சொன்ன பிறகு அதிலிருந்து வழுவும் உரிமையைத் தருவதில்லை. சொன்ன வாடகை ஒரு வாக்கு. சந்தையில் மரக்கறி விற்பவர்கூட விலை சொல்லிப் பையில் போட்ட பிறகு, பின்னால் நிற்பவர் கூடத் தருகிறார் என்று பையைத் திரும்ப வாங்குவதில்லை. வாங்கினால் அடுத்த நாள் அவரிடம் யாரும் போகமாட்டார்கள். வன்னியில் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே நிற்கும் சுவர்களில் பல, சொந்தக்காரரின் உழைப்போடு பிறர் காசும் கலந்து எழுந்தவை. இந்திய வீடமைப்புத் திட்டம் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா கொடுத்தது. அதற்கு முன்பின்னாக வேறு திட்டங்களும் இருந்தன. அந்த உதவியைப் பெற்றதால் வீடு ஊர்ப் பொதுச்சொத்தாகிவிடவில்லை. ஆனால் இது முழுக்க என்னுடையது, இதில் வேறு எவருக்கும் பேச்சில்லை என்று அழுத்திச் சொல்வதற்கு முன் குரல் கொஞ்சம் தாழத்தான் வேண்டும். 1996இல் இராணுவத்தின் சத்ஜய நடவடிக்கையால் கிளிநொச்சி பெயர்ந்தபோது அக்கராயனிலும் ஸ்கந்தபுரத்திலும் மற்றவர்களின் வளவுகளில் தறப்பாள் கட்டிக் கிடந்த குடும்பங்கள் எத்தனை! 2008இல் அதே அக்கராயன்காரர் விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் பெயர்ந்து, வேறொருவர் வளவில் இடம் கேட்டு நின்றார்கள். கூரையின் விலை என்ன என்பதை இந்த மாவட்டம் இரண்டு பக்கத்திலிருந்தும் அறியும்.

கூடக் கொடுக்கிறவருக்குத்தான் தேவை கூட, ஆகவே ஏலம் வீட்டை மிக வேண்டியவரிடம் சேர்க்கிறது என்று இன்னொரு வாதம் உண்டு. இதில் நீண்டு நிற்கத் தேவையில்லை. கூடக் கொடுப்பது பணப்பையின் அளவைக் காட்டும், தேவையின் அளவை அல்ல. ஏழாம் மாதக் கர்ப்பிணியும், வார இறுதிகளில் யாழ்ப்பாணம் திரும்பிவிடும் ஒரு திட்ட அலுவலரும் ஒரே வீட்டைக் கேட்டால் யார் வெல்வார் என்பது முன்பே தெரிந்ததுதான்.

கடினமான மறுப்பு வேறொன்று. ஏலம் இல்லையென்றால் வீட்டுக்காரர் எதை வைத்துத் தேர்வார்? முகத்தை வைத்து, சமயத்தை வைத்து, "நீங்கள் எந்த இடம்?" என்ற கேள்வியை வைத்து. வடக்கில் அந்தக் கேள்வி ஊர்ப் பெயரோடு நிற்பதில்லை. கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் அது சாதியைத் துழாவுவது என்று தெரியும். மலையகத்தில் வேர் கொண்ட குடும்பங்கள் 1970களிலிருந்து கிளிநொச்சி மாவட்டத்தில் காடு வெட்டிக் குடியேறி மூன்று தலைமுறை கடந்த பின்னும், அவர்களின் பிள்ளைகள் வாடகைக்கு வீடு தேடும்போது அந்தக் கேள்வி வருகிறது. பெற்றோர் சம்மதமின்றி மணந்துகொண்ட சோடியிடம் அது இரண்டு மடங்காக வரும். காசு அப்படியெல்லாம் கேட்பதில்லை. கூடத் தருகிறேன் என்றவுடன் வாய் மூடிக்கொள்ளும் வீட்டுக்காரர்கள் உண்டு. ஒதுக்கப்பட்டவனுக்குக் காசைத் தவிர வேறு திறப்பு இல்லாத உலகில், அந்தத் திறப்பையும் பறிக்கச் சொல்வது மேலிருந்து பேசும் அறமல்லவா? இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அதன் பாதி உண்மை. மறுபாதியைப் பார்ப்போம். ஏலம் நடத்துகிறவர் கூடக் கேட்டவருக்கே கொடுக்கக் கட்டுப்பட்டவர் அல்லர். ஒரே வாடகைக்கு இருவர் நின்றால் பழைய கேள்வி திரும்ப வரும். மேலும், ஒதுக்கப்பட்டவர் சாதி வரி போல ஒன்றைக் கட்டித்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது. மற்றவர் 25,000க்குப் பெறுவதை அவர் 30,000க்குப் பெறுகிறார். அது ஒதுக்கலை நீக்கவில்லை, அதற்கு ஒரு விலைப்பட்டியல் போட்டிருக்கிறது. ஏலத்துக்கும் முகம் பார்ப்பதற்கும் மாற்றாக மூன்றாவது முறை ஒன்று இந்த மண்ணிலேயே பழகிக் கிடக்கிறது: வரிசை. சங்கக்கடை வாசலில் குடும்ப அட்டையோடு நின்ற ஆண்டுகளில், முதலில் வந்தவர் முதலில் பெற்றார். வரிசையிலும் ஊழல் இருந்தது, ஆள் தெரிந்தவருக்குப் பின்கதவு திறந்தது. ஆனாலும் பின்கதவால் போனவரைப் பார்த்து வரிசையில் நின்ற எவரும் முறையிடலாம். அது தவறு என்பதில் வாக்குவாதம் இருக்கவில்லை. முதலில் ஒத்துக்கொண்டவருக்கு வீடு என்ற விதியும் அப்படித்தான். அது சாதி பார்ப்பவரைத் திருத்தாது; அவர் என்ன செய்தார் என்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும்.

இனி, அந்தச் சோடியின் பக்கம். கூட்டித் தருகிறோம் என்று சொல்வது அவர்களின் தவறா? பயத்தில் கொடுப்பவரையும் பயத்தை விற்பவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. தங்கள் பிள்ளைக்குக் கூரை தேடுகிற பெற்றோரிடம், முகம் தெரியாத இன்னொரு குடும்பத்துக்காக வெளியே நில்லுங்கள் என்று கட்டளையிடும் அறம் எவருக்கும் உதவாது. ஆனாலும் அவர்கள் முழுக்கக் கைகழுவிக்கொள்ளவும் முடியாது. சோடி என்றால் பெரும்பாலும் இரண்டு சம்பளம். போருக்குப் பின்னான கிளிநொச்சியில், முல்லைத்தீவில், ஒரு பெண்ணின் வருமானத்தில் மட்டும் ஓடும் குடும்பங்கள் ஏராளம். அந்தப் பெண்ணும் ஆடைத் தொழிற்சாலைக்கோ பாடசாலைக்கோ பக்கத்தில் வீடு தேடுகிறாள். இரண்டு சம்பளம் தன்னாலேயே முன்வந்து கூட்டிக் கேட்கத் தொடங்கும்போது, அந்த வீதியின் வாடகை இரண்டு சம்பளத்தின் அளவுக்கு உயர்ந்து அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு இடமாற்றத்தில் வரும் அடுத்த சோடிக்கும் அது சுமைதான். ஆகவே ஒரு வேறுபாட்டைக் காக்கலாம்: கேட்கப்பட்டு, வேறு வழியின்றிக் கொடுப்பது ஒன்று, கேட்காமலே, மற்றவர் ஒத்துக்கொண்ட வீட்டை இழுத்தெடுக்கக் காசை நீட்டுவது மற்றொன்று. முன்னது இயலாமை. பின்னதற்கு அந்தச் சாக்கு இல்லை.

சட்டங்களும் இந்த வேறுபாட்டின் மீதே தடுமாறியிருக்கின்றன. நியூசிலாந்து 2021 பெப்ரவரியில், வீட்டுக்காரரோ முகவரோ கூட்டிக் கேட்கும்படி அழைப்பதைத் தடை செய்தது. வாடகைக்கு வருபவர் தானாகக் கூட்டிச் சொன்னால் அதைத் தடுக்கவில்லை. இங்கிலாந்தில் 2025இல் நிறைவேறிய வாடகையாளர் உரிமைச் சட்டம் ஒரு படி மேலே போய், அறிவித்த வாடகைக்கு மேல் ஏற்பதையே தடுக்கிறது. கேட்காமலே நீட்டப்படும் காசும் கேட்டு வாங்கிய காசும் வீதியில் ஒரே விளைவைத்தான் தருகின்றன என்பதை அது ஏற்றுக்கொண்டது போலிருக்கிறது. இலங்கையில் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வேறு திசையில் போனது: வாடகைக்கே உச்சம் வைத்து, குடியிருப்பவரை எழுப்புவதைக் கடினமாக்கியது. அதனால் வீடு வைத்திருந்தவர்கள் வாடகைக்குக் கொடுக்கவே அஞ்சினார்கள் என்ற முறைப்பாடு நெடுங்காலம் இருந்தது. பின்வந்த திருத்தங்கள் அதன் பிடியைத் தளர்த்தின. வாடகையில் கை வைத்தால் வீடே சந்தைக்கு வராது என்று சொல்பவர்கள் இந்த வரலாற்றைக் காட்டுவார்கள். காட்டட்டும். இங்கே கேட்கப்படுவது உச்சவரம்பு அல்ல. எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள், ஆனால் ஆளைப் பார்க்குமுன் கேளுங்கள் என்பதால் எந்த வீடும் பூட்டிக் கிடக்கப் போவதில்லை.

கிளிநொச்சியில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குக் காரணம் வேறு. அவற்றின் திறப்புகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கின்றன. வளவைப் பார்த்துக்கொள்ள ஒரு சிற்றப்பாவோ மச்சாளோ இங்கே இருப்பார். கூடக் கேட்கச் சொல்லி அழைப்பு வரும்போது, எடுப்பது அவர்கள்தான். வீடு தேடி வந்தவரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டியவர்களும் அவர்கள்தான். இலண்டன் ஹரோவில் தன் இரண்டாவது வீட்டை வாடகைக்கு விடும்போது அறிவித்த தொகைக்கு மேல் ஒரு பவுணும் ஏற்கக்கூடாது என்று சட்டத்தால் கட்டுப்பட்ட ஒருவர், பரந்தனிலுள்ள தன் வீட்டுக்கு ஏலம் நடத்தச் சொன்னால் அவரைத் தடுக்க இங்கே யாரும் இல்லை. அந்தச் சிற்றப்பா ஒருவேளை தடுக்கலாம். சொன்ன வாடகை சொன்னதுதான் தம்பி, அவையளுக்குச் சொல்லிப்போட்டன் என்று தொலைபேசியில் சொல்லலாம். அதற்குப் பிறகு இலண்டனில் இருப்பவர் நேரில் வந்து வீட்டைப் பூட்டப் போவதில்லை. அப்படிச் சொல்வதும் அவருக்கு இலகு அல்ல, மாதாமாதம் அங்கிருந்து வரும் காசில் அவர் குடும்பமும் தங்கியிருக்கலாம். அவருடைய வேலையை இலகுவாக்க ஒரு வழி உண்டு. கேற்றில் தொங்கும் "வீடு வாடகைக்கு" என்ற பலகைகளில் தொலைபேசி இலக்கம் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது. வாடகை எழுதப்படுவதில்லை, அதை ஆளைப் பார்த்து, குரலைக் கேட்டு, வேலை என்ன என்று விசாரித்த பிறகுதான் சொல்வார்கள். அதே பலகையில், தொலைபேசி இலக்கத்துக்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுத இடம் இருக்கிறது.