கொடாத கருணை

ஜப்பானின் நீகாட்டா மாநிலத்தில் வர்ணக் கெண்டை மீன்களை வளர்ப்போருக்குக் குளிர்காலத்தில் தர்மசங்கடம் ஒன்றும் நேர்வதில்லை. ஆளுயரத்துக்குப் பனி பெய்து மூடும் பிரதேசமாதலால், மலைச்சரிவுகளிலுள்ள சேற்றுக் குளங்களை அக்டோபர் மாதவாக்கிலேயே வடியவிட்டு, மீன்களைக் கூரைக்கடியிலுள்ள தொட்டிகளுக்குக் கொண்டு சேர்த்துவிடுகிறார்கள். சங்கடமெல்லாம், குளிர் அவ்வளவாக வாட்டாத கியோட்டோ, நாரா முதலிய தென்மேற்கு நகரங்களில், திறந்த வெளிக் குளத்திலேயே மீன்களை விட்டுவைப்பவனுக்குத்தான். ஜனவரி மாதத்து விடியலில் ஏடு போலப் படர்ந்த பனிக்கட்டி உச்சிவேளை வெயிலில் கரைந்து, மேல்நீரின் குளிர் சற்றே தணிந்ததும், குளத்தின் அடியில் அசையாது கிடந்த கெண்டைகள் கரையில் காலடிச் சத்தம் கேட்டு மெல்ல எழுந்து வந்து, அவன் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கையில் இரையோடு நிற்பவன் அப்போது செய்யத்தக்கது யாது?

இரை போடலாகாது என்பதே அனுபவஸ்தர்களின் ஏகோபித்த முடிவு. மீனுக்கென்று சொந்த உஷ்ணம் கிடையாது; நீரின் உஷ்ணமே அதன் தேகத்தின் உஷ்ணம். அதிலும் கெண்டைக்கு இரைப்பை என்று தனியே ஒன்றில்லை. நீண்ட குடல் ஒன்றே உண்டு. நீரின் உஷ்ணம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் ஜீரண சக்தி ஏறக்குறைய ஓய்ந்துபோவதால், பசி என்று நாம் எண்ணிக்கொண்டு போடும் இரை குடலிலேயே தங்கிக் கெடுகிறது. கழிவில் வெளிப்படும் அமோனியாவை மாற்றிக் குளத்தைச் சுத்தி செய்யும் நுண்ணுயிர்களும் அதே குளிரில் மந்தமாகிக் கிடக்கின்றன. இலையுதிர் காலத்தில் தேகத்தில் சேர்த்துக்கொண்ட கொழுப்பே ஆரோக்கியமான மீனுக்கு வசந்தம்வரை போதும். கடுங்குளிரானால், 4 டிகிரியில் மிகக் கனமாகிவிடும் நீர் அடியில் தங்கிவிட, மீன்கள் அங்கே நிலையான உறக்கம் போன்றதொரு நிலையில் கிடக்கும். மிதமான குளிரோ ஒரு நாள் எழுப்பும், மறுநாள் படுக்க வைக்கும்; எழுப்பும் நாளெல்லாம் கரையில் நிற்பவனின் இரக்கத்துக்குச் சோதனை நாள்.

மயிலாப்பூர்த் தெப்பக்குளப் படிக்கட்டில் பொரி வீசிப் புண்ணியம் தேடிப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தோன்றும். (நம் குளங்களின் நீர் அவ்வளவு குளிர்வதில்லையாகையால் பொரிக்காரருக்குக் கவலை வேண்டியதில்லை.) ஜப்பானியரும் இவ்வித தர்மத்தை அறியாதவர் அல்லர், நாராவில் கோஃபுகுஜி ஆலயத்தார் ஆண்டுதோறும் ஏப்ரல் 17ஆம் தேதி சருசவா குளத்தில் மீன்களை விட்டு உயிர்விடுவிப்புச் சடங்கு நடத்துகிறார்கள். கொடுப்பதையும் விடுவிப்பதையும் சடங்காக்குவது எளிது. கூட்டம் கூடும், மணி ஒலிக்கும். கொடாமல் நிற்பதற்கு அப்படியெல்லாம் சாட்சிகள் சேர்வதில்லை.

ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து விசுத்திமார்க்கத்தை இயற்றிய புத்தகோஷர், மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை (விருப்பு வெறுப்பற்ற சமநிலை) என்னும் நான்கு பாவனைகளை விவரிக்குமிடத்தில், ஒவ்வொன்றுக்கும் எட்ட நிற்கும் பகை ஒன்றும், அருகிலேயே நிற்கும் பகை ஒன்றும் உண்டென்கிறார். கருணைக்கு எட்ட நிற்கும் பகை கொடுமை. அதை எவரும் அடையாளம் கண்டுகொள்வர். அருகில் நிற்பதோ உலகியல் துக்கம். அது கருணையின் வேஷத்திலேயே வரும். உபேட்சைக்கு அருகில் நிற்கும் பகை அறியாமையிற் பிறந்த அசட்டை. வாயைத் திறக்கும் மீனைக் காணச் சகியாமல் ஒரு பிடி இரையை வீசுபவன் தணித்துக்கொள்வது தன் மனத்தின் தவிப்பையே. எனினும் கை நீட்டாமல் நிற்பவர் எல்லாரும் உபேட்சை உடையவரும் அல்லர். வேறுபாட்டை அவர்களுடைய குளத்திலே காணலாம். உணவிடாத நல்ல வளர்ப்பாளன் நூலில் கட்டிய உஷ்ணமானியை மேல்நீரில் அல்லாமல் மீன் கிடக்கும் ஆழத்துக்கு இறக்கிப் பார்க்கிறான். அடிநீரும் மேல்நீரும் கலந்துவிடாதபடி நீரேற்றும் பம்பைச் சற்று உயர்த்தி வைக்கிறான். மேப்பிள் இலைகள் விழுந்து அழுகாதிருக்க வலை விரிக்கிறான். குளம் முழுதும் பனி மூடிவிட்டால், சம்மட்டியால் அடித்து அதிர்ச்சியை நீருக்குள் செலுத்தாமல், வெந்நீர்ப் பாத்திரத்தை அதன்மேல் வைத்துக் காற்று புக வாய் திறக்கிறான். அசட்டைக்காரன் இவற்றில் ஒன்றும் செய்வதில்லை. அவன் குளத்தில் வலையும் இராது, உஷ்ணமானியும் இராது.

சைவ சித்தாந்திகள் இதைக் கேட்டால் தமக்குப் பழகிய விஷயம் என்பார்கள். இறைவனுடைய ஐந்தொழில்களில் மறைத்தலும் ஒன்று. அருளுக்கு எதிரானதாகத் தோன்றும் அதுவும் அருளே என்றும், ஆன்மாவைப் பற்றிய மலம் பக்குவப்படும்வரை திரோதான சக்தியாக நின்று மறைப்பதே, பரிபாகம் வந்தபோது சத்திநிபாதமாக, அதாவது அருட்பதிவாக, வந்து பதிகிறது என்றும் அவர்கள் கூறுவர். நீரின் உஷ்ணம் சில நாள் சேர்ந்தாற்போல் 10 டிகிரிக்குமேல் நிலைத்தபின், எளிதில் செரிக்கும் கோதுமை முளைத் தீனியைச் சிறிதளவே தூவி, தின்னாது மிஞ்சியதை உடனே எடுத்துவிடும் வளர்ப்பாளனின் செய்கையைக் கண்டவர்க்கு இக்கொள்கை வெறும் வாதமாகத் தோன்றாது.

ஆயினும் இந்த உவமையை எல்லா இடத்துக்கும் இழுத்துச் செல்ல எனக்குத் துணிவில்லை. பசித்த ஏழையைச் சுட்டி, கொடாமையே அவனுக்கு நன்மை என்று நியாயம் பேசும் கனவான்களுக்கு இது மிகவும் உதவிவிடும். குளிர்ந்த மீனின் குடல் ஏற்பதில்லை, பசித்த மனிதனின் குடலோ ஏற்கும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதே வெட்கக்கேடு. கடவுள் விஷயத்திலோ சங்கடம் இன்னும் பெரிது. உஷ்ணமானி கரையில் நிற்பவனிடத்தில் இருக்கிறது, மீனிடத்தில் இல்லை. அளந்தறிந்து கொடாதிருக்கும் அன்பும், மறந்துபோய்க் கொடாதிருக்கும் அலட்சியமும் நீருக்குள்ளிருந்து பார்ப்பதற்கு ஒன்றேதான். மறைத்தலும் அருளே என்று கரையிலிருந்து உபதேசிப்பவர், தாமும் நீருக்குள் இருப்பவரே என்பதை மறந்து பேசுகிறார்.

நீருக்குள்ளிருந்தே குரல் கொடுத்தவரும் உண்டு. மனைவி சங்கிலியாருக்கு, பிரியேன் என்று திருவொற்றியூரில் செய்துகொடுத்த சபதத்தை மீறியதால் பார்வை இழந்த சுந்தரர், காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மற்றொரு கண்ணும் பெறுமளவும், பணிந்து மட்டும் பாடவில்லை. சினந்தும் இடித்துரைத்தும் பாடினார். மறைத்தலை அருளென்று சாதித்த சித்தாந்த ஆசாரியர்கள் அப்பாடல்களை அபக்குவத்தின் புலம்பல் என்று ஒதுக்கியதில்லை. அவை ஏழாம் திருமுறையில் இருக்கின்றன, ஓதுவார்கள் இன்றும் அவற்றைச் சந்நிதியில் நின்றே பாடுகிறார்கள்.