உண்பதும் உண்பிப்பதும்

பெங்களூருவின் ஜயதேவா இருதய மருத்துவமனைக்குச் சென்று திரும்பும் அன்பர்கள் பலர், மறுநாள் முதலே உப்பையும் எண்ணெயையும் அளந்து உண்ணத் தொடங்குகின்றனர். நல்லதே. மிகுந்த உப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்தி இதயத்தின் சுமையைப் பெருக்குகிறது; நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே அது இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். (ஊறுகாயும் அப்பளமும் இக்கணக்கில் சேரும் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்!) ஆயினும், மரண பயத்தால் வரும் அளவும் புலனடக்கத்தால் வரும் அளவும் ஒன்றாகுமா? ஆயுள் நீள வேண்டும் என்கிறோம், எதன்பொருட்டு?

பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் பயின்றவர் துமகூரு சித்தகங்கா மடத்தின் தலைவர் சிவகுமார சுவாமிகள். 1907-இல் பிறந்த அவர், 111 வயது நிறைந்தவராய் 2019 ஜனவரி 21 அன்று இறைவனோடு ஒன்றினார். அவருடைய உணவு மிக எளியது, அளவும் சிறிது. அதுவே நீண்ட ஆயுளுக்குக் காரணம் என்று அறுதியிட இயலாது. பிறவியில் வாய்த்த உடலமைப்புக்கும் அதில் பங்குண்டு. ஆனால், சிறிதே உண்ட அவருடைய மடத்தின் அடுப்பு, ஆயிரக்கணக்கான ஏழை மாணவர்களுக்காக நாள்தோறும் எரிந்தது.

அவர் உயிர் பிரிந்தது முற்பகலில். மாணவர்கள் மதிய உணவு உண்டு எழுந்த பின்னரே, அவரது விருப்பப்படி, அச்செய்தி அறிவிக்கப்பட்டது.