ஓய்வு யாருக்கு?

உழைப்பின் அறத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். கூலி நியாயமானதா, வேலை நேரம் அளவானதா, உழைப்பின் பயன் உழைத்தவனைச் சென்று சேர்கிறதா என்னும் கேள்விகள் முற்போக்கு ஏடுகளில் பல்லாண்டுகளாக எழுப்பப்பட்டு வந்துள்ளன. ஆனால் உழைப்பு முடிந்தபின் வருகின்ற அந்தச் சில மணி நேரத்தின் அறம் யாது? மாலையில் காற்று வாங்கச் செல்வதும், குளிர்ந்த பானம் கலந்து அருந்துவதும், நண்பரோடு அளவளாவுவதும் அறத்தின் பார்வைக்கு எட்டாத அற்ப விடயங்கள்தாமா? அவ்வாறே பலர் எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு சமுதாயம் எவ்வாறு உழைக்கிறது என்பதைப் போலவே, அது எவ்வாறு இளைப்பாறுகிறது என்பதும் அதன் உள்ளமைப்பைக் காட்டிக் கொடுத்துவிடும்.

அம்பாறைக் கரையோரத்தில் கோடை கொடியது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று நிலத்தின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தொடுத்தாற்போலக் கிடக்கும் ஊர்களில் நண்பகல் உலைக்களமாகிவிடும். அஸர் தொழுகை முடிந்ததும் ஊரே கடலை நோக்கித் திரும்புகிறது. வசதி படைத்தோர் வாகனம் அமர்த்திக்கொண்டு பொத்துவிலுக்கும் அறுகம்பைக்கும் செல்கின்றனர். பள்ளி விடுமுறையில் கொழும்புக்குச் சென்று காலிமுகத்திடலில் காற்று வாங்குகின்றனர். வீடுகளில் தேசிக்காய்ச் சாறும் சீனியும் கலந்து, ஊறவைத்த கசகசா இட்டுச் சர்பத் தயாராகிறது. விருந்தினர் வந்தால் பாலும் ரோசாப் பாகும் சேர்ந்து பலூடாவாகிறது.

இதே வேளையில் தலைநகரின் உயர்மாடி வீடுகளிலும், கடல் கடந்து வாழும் நம்மவர் சிலருடைய இல்லங்களிலும் வேறொரு கலவை தயாராகிறது. அதுவே கொக்டெயில். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்துப் பத்திரிகையொன்று 1806ஆம் ஆண்டிலேயே அதற்கு இலக்கணம் வகுத்தது: மது, சீனி, நீர், கசப்புச் சாறு ஆகிய நான்கும் சேர்ந்த கலவை என்று. 1862இல் ஜெரி தோமஸ் என்பவர் கலக்கும் முறைகளையெல்லாம் தொகுத்து நூலாகவே வெளியிட்டார். அந்தப் பழைய கலவைகளை வீட்டிலிருந்தபடியே அளந்து கலப்பது இன்று ஒரு நாகரிகக் கலையாக மதிக்கப்படுகிறது.

இதைக் கேட்டு நமது ஊரார் முகம் சுளிப்பர். "எமது கோப்பையில் மது இல்லை; ஆகவே எமது ஓய்வு தூயது" என்பர். இந்த 'ஆகவே' என்ற சொல்லைத்தான் நாம் இங்கு ஆராய விரும்புகிறோம்.

மதுவிலக்கை நாம் குறைகூற வரவில்லை. திருக்குர்ஆன் மதுவை ஒரே நாளில் விலக்கிவிடவில்லை, படிப்படியாகவே விலக்கியது. முதற்படியில் அதன் பயனையும் தீங்கையும் ஒரே தராசில் இட்டுத் தீங்கே பெரிதெனக் காட்டியது. வள்ளுவரும் கள்ளுண்ணாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். இவ்விரு தீர்ப்புகளையும் உழைக்கும் மக்களின் வாழ்வு மெய்ப்பித்து வருகிறது. பிரித்தானியர் ஆட்சியில் சாராயக் குத்தகை அரசின் பெரும் வருவாய்களுள் ஒன்றாக விளங்கியது. அக்குத்தகையில் குவிந்த பணத்திலிருந்தே இலங்கையின் புதிய செல்வர் பலர் தலையெடுத்தனர் என்பதை ஆய்வாளர் குமாரி ஜயவர்தன விரிவாகக் காட்டியுள்ளார். ஏழையின் கூலி எங்கே சென்று எவருடைய மாளிகையாயிற்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆயினும் மதுவின்மேல் விதிக்கப்படும் தடையெல்லாம் அறத்திலிருந்தே பிறப்பதாகக் கொள்ள முடியாது. இலங்கையில் பெண்களுக்கு மது விற்பதைத் தடைசெய்யும் 1979ஆம் ஆண்டுக் கட்டளை 2018 ஜனவரியில் நீக்கப்பட்டது. சில நாட்களுக்குள்ளேயே அத்தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. குடித்துவிட்டு வந்து மனைவியை அடிப்பவன் ஆண், தடையோ பெண்ணுக்கு! மதுவின் தீங்கைப் பற்றிய கவலை இதில் எவ்வளவு, பெண் தன் இன்பத்தைத் தானே தேர்ந்துவிடக் கூடாதென்ற அச்சம் எவ்வளவு என்பதை வாசகர் எடைபோட்டுக் கொள்ளலாம்.

இனிச் சர்பத்துக்கு வருவோம். சர்பத் என்ற சொல் அருந்துதலைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து வந்தது. சாராயத்தைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் 'அரக்' என்ற சொல்லும் அரபு மொழியிலிருந்து சென்றதே. அதற்கு வியர்வை என்பது மூலப்பொருள். வடிகலத்தில் துளிதுளியாக அரும்பி விழுவதால் அப்பெயர் பெற்றது. சொல்லில் மட்டுமன்றிப் பொருளிலும் இவ்விரு பானங்களுக்கும் உறவுண்டு. கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கப்பட்டபின் நமது மாவட்டத்தின் உட்பகுதியில் கரும்புச் செய்கை பரவியது. ஹிங்குராணையில் அந்தக் கரும்பிலிருந்து சீனி எடுக்கப்படுகிறது. சீனி எடுத்தபின் எஞ்சும் பாகிலிருந்து மதுசாரம் வடிக்கப்படுகிறது. ஒரே வயல், ஒரே வெட்டுக்கத்தி, ஒரே தொழிலாளியின் வியர்வை. ஒரு பாதி நமது சர்பத்தை இனிக்கச் செய்கிறது; மறுபாதி எவருடைய கோப்பைக்கோ போகிறது. கரும்பு வெட்டியவனுக்கு மாலைப் பொழுது இருந்ததா என்ற கேள்வியை இரண்டு கோப்பைகளையும் நோக்கிக் கேட்க வேண்டியவர்களாகிறோம்.

தமிழிலக்கியம் ஒரே பட்டினத்தின் கடற்கரையில் இருவகை ஓய்வுகளைக் காட்டுகிறது. உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் நிறைமதி நாளில் மீன்வேட்டைக்குச் செல்வதில்லை. சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, தாழம்பூச் சூடி, பனங்கள் அருந்தி, தம் பெண்டிரோடு கூடி உண்டும் ஆடியும் மகிழ்கின்றனர். சிலப்பதிகாரத்திலோ, இந்திர விழாவின் முடிவில் கோவலன் மாதவியோடு அதே பட்டினத்துக் கடற்கரைக்குச் செல்கிறான். அங்கே யாழ் ஒலிக்கிறது, கானல்வரி பிறக்கிறது. கலைச் சிறப்பில் அந்தப் பொழுதுக்கு ஈடில்லை. ஆனால் அப்பொழுதில் கண்ணகி எங்கிருந்தாள்? வீட்டினுள் தனித்திருந்தாள். பரதவரின் ஓய்வில் உழைத்தவர் எல்லோருக்கும் பங்கிருந்தது. கோவலனின் இன்பத்துக்கோ ஒருத்தியின் தனிமை விலையாகச் செலுத்தப்பட்டது. பரதவர் அருந்திய கள்ளை நாம் போற்றவில்லை. அவர்கள் ஓய்வைப் பகிர்ந்த முறையையே போற்றுகிறோம்.

இந்த அளவுகோலை நமது கரைக்குக் கொண்டு வருவோம். பெருநாள் விடுமுறைகளில் குடும்பங்கள் கடற்கரையை நிறைத்துவிடுகின்றன என்பது உண்மை. அன்றாட மாலை மணலோ பெரும்பாலும் ஆண்களுடையது. தேசிக்காய் பிழிந்தவளும், கசகசா ஊறவைத்தவளும், பலூடாவுக்குப் பால் காய்ச்சியவளும், பின்னர் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்ப்பவளும் ஒருத்தியே. அவள் கடற்காற்றை அடுப்படிச் சன்னலின் வழியே அறிகிறாள். அவளுடைய தங்கையோ, அயல்வீட்டுக்காரியோ வளைகுடா நாடொன்றில் மற்றொருவரின் விருந்துக்குக் கோப்பை நிரப்பிக் கொண்டிருக்கிறாள். பிரதான வீதியின் சாப்பாட்டுக் கடைகளில், நாம் குடும்பத்தோடு குளிர்பானம் பருகும் அந்த இரவு நேரத்தில்தான் மேசை துடைக்கும் இளைஞனின் வேலைப்பளு உச்சத்தை அடைகிறது. விடியற்காலையில் கரைவலை இழுத்தவன் மாலையில் வலையின் கிழிசல் பொத்துகிறான். அவன் வேலைசெய்யும் காட்சியே நமக்கு வேடிக்கையாகிறது.

'பெண்ணின் நாணத்தைக் காக்கவே அவளை வீட்டில் இருத்துகிறோம்' என்று சிலர் மார்க்கத்தின் பெயரால் விடை கூறுவர். நபிகள் நாயகம் தம் துணைவியார் ஆயிஷா நாயகியாரோடு ஓட்டப் பந்தயம் ஓடியதை ஹதீஸ் நூல்கள் பதிந்து வைத்துள்ளன. பெருநாளன்று பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டிகளோடு விளையாடியதை, ஆயிஷா நாயகியார் தாமே போதுமென்னும்வரை பார்த்து மகிழ இடமளித்ததும் அந்நூல்களில் உண்டு. நாணத்தின் இலக்கணத்தை அவரைவிட நாம் நன்கறிந்தவர்கள் என்று சொல்லத் துணிவோமா? மார்க்கம் விலக்கிய மதுவை விலக்குவதில் நாம் காட்டும் கண்டிப்பை, மார்க்கம் அனுமதித்த மகிழ்ச்சியை மறுக்காதிருப்பதிலும் காட்ட வேண்டாமா?

மற்றோர் ஆட்சேபம் நமது தோழர்களிடமிருந்தே எழும். 'மக்கள் சோற்றுக்கு அல்லலுறும்போது ஓய்வைப் பற்றிப் பேசுவது நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்கு' என்பர். இதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. மருதமுனையின் கைத்தறி நெசவாளிக்கு நெய்த துணியின் அளவே கூலியின் அளவு. தறி ஓயும் நாள் அவனுக்கு அடுப்பு ஓயும் நாள். அத்தகையவனிடம் ஓய்வின் பெருமையைப் போதிப்பது கேலியாகவே முடியும். ஆனால் இதிலிருந்து பெறப்படும் முடிவு யாது? ஓய்வு கூலியிலிருந்து பிரிக்க முடியாதது. கூலிக் கோரிக்கையின் ஓர் உறுப்பு அது என்பதே. கார்ல் மார்க்ஸின் மருமகனான போல் லஃபார்க் 1880இலேயே சோம்பியிருக்கும் உரிமையைக் கோரி எழுதி, நாளொன்றுக்கு மூன்று மணி நேர வேலை போதுமென வாதிட்டார். அந்தக் கணக்கு மிகையாக இருக்கலாம். அதன் அடியிலுள்ள கருத்து மிகையன்று. களைத்து விழுந்து உறங்குபவனால் நூல் படிக்க முடியாது. கூட்டத்துக்குச் செல்ல முடியாது. தன் நிலையைப் பற்றிச் சிந்திக்கவும் முடியாது.

உலகம் இதை ஏட்டளவில் ஏற்றுக்கொண்டுவிட்டது. 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் தனது 24ஆம் உறுப்புரையில் ஓய்வையும் இளைப்பாறலையும் ஒவ்வொருவருக்கும் உரிய உரிமையாக அறிவித்தது. இலங்கையின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இல் வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறையை உறுதிசெய்தது. வீட்டு வேலைக்காரி அச்சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. அவளுக்கும் வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு வேண்டுமென்று சர்வதேசத் தொழில் அமைப்பு உடன்படிக்கை இயற்றிய ஆண்டு 2011. கடைச் சிப்பந்திக்குச் சட்டம் வந்து 57 ஆண்டுகளுக்குப் பின்னரே உலகின் கண்ணில் அவள் தென்பட்டாள்!

ஓய்வு நாள் வானத்திலிருந்து விழுந்த மாறாத விதி என்று எண்ணுவதற்கும் இடமில்லை. 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் சனி, ஞாயிறு விடுமுறைகள் நீக்கப்பட்டுப் போயா தினங்களே வார விடுமுறைகளாக இருந்தன. பின்னர் பழைய முறை திரும்பியது. நமது முஸ்லிம் மீனவரிடையே வெள்ளிக்கிழமையில் வலை இறக்காத வழக்கம் உண்டு. மனிதர் கூடி முடிவு செய்தால் ஓய்வின் நாளும் மாறும், நேரமும் மாறும், பங்கும் மாறும்.

ஓய்வுக்கு நேரம் மட்டும் போதாது, இடமும் வேண்டும். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் கட்டி முடித்த காலிமுகத்திடல் நடைபாதையின் கல்வெட்டு, கொழும்பின் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் அதைப் பேணுமாறு பின்வரும் ஆளுநர்களைக் கேட்டுக்கொள்கிறது. அன்று அவர் மனத்தில் இருந்தவர்கள் எந்த வகுப்புப் பெண்கள் என்பதை நாம் அறிவோம். ஆயினும் அத்திடல் காலப்போக்கில் எல்லோருடையதும் ஆயிற்று. 2022இல் நாட்டு மக்கள் தம் குறையை முழங்கிய களமும் அதுவே. காற்று வாங்கக் கூடுமிடம் கருத்துச் சொல்லக் கூடுமிடமாகவும் மாறும் என்பதற்கு அது சான்று.

நமது கடற்கரைக்கோ துயரமான வரலாறு உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. அதன்பின் கிழக்கில் கடலோரத்திலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென அறிவிக்கப்பட்டது. பின்னர் அவ்வெல்லை தளர்த்தப்பட்டது. மீனவரின் குடிலுக்கு இறுக்கமாக நின்ற எல்லை சுற்றுலா விடுதிகளுக்கு அவ்வாறு நிற்கவில்லை என்ற முறைப்பாடு அறுகம்பையில் எழுந்தது. உறவினரைக் கடலுக்குக் கொடுத்தவர்களே இக்கரையின் முதல் உரிமையாளர்கள். அவர்கள் அமர்வதற்கு விளக்கும் இருக்கையும் நிழலும், பெண்களுக்கெனத் தூய்மையான கழிப்பிட வசதியும் இல்லாத கடற்கரையில் எத்தனை விடுதிகள் எழுந்தாலும் அது வளர்ச்சியாகாது.

ஆகவே கோப்பையில் என்ன இருக்கிறது என்ற கேள்வியோடு நாம் நின்றுவிடலாகாது. அதைக் கலந்தவர் யார், கழுவுபவர் யார், அவர்களுக்கும் அமர்ந்து அருந்த ஒரு பொழுது இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். விலக்கப்பட்டதை விலக்கியது நமது கடமையின் முதற்பாதி. விலக்கப்படாததை எல்லோர்க்கும் உரியதாக்குவது மறுபாதி. இது பெரும் புரட்சிக்குக் காத்திருக்க வேண்டிய காரியமும் அன்று. வீட்டு உதவிக்கு வருபவளுக்குக் கூலி குறைக்காமல் வாரத்தில் ஒருநாள் விடுப்புக் கொடுக்கலாம். பிள்ளைகளின் மாலைகளையெல்லாம் விழுங்கும் தனியார் வகுப்புகள் வாரத்தில் இரு மாலைகளேனும் மூடியிருக்கலாம். கடற்கரைக்கு விளக்கும் கழிப்பிடமும் வேண்டுமென்று மாநகர சபையிடமும் பிரதேச சபைகளிடமும் பள்ளிவாசலாரும் கோயிலாரும் ஒன்றுகூடிக் கேட்கலாம்; மருதமுனை மணலும் பாண்டிருப்பு மணலும் ஒரே கரையின் மணல்தானே. அதுவரையில், வருகின்ற போயா தினத்து மாலையில் வீட்டிலுள்ள ஆண்களே தேசிக்காயைப் பிழிந்து, கோப்பைகளையும் கழுவி வைத்துவிட்டு, பெண்களோடு சேர்ந்து கடற்கரைக்குப் புறப்படட்டும்.