வந்தி கொடுத்த கூலி

வந்தி மதுரையில் பிட்டு விற்றுப் பிழைத்த கிழவி. கணவன் இல்லை, பிள்ளை இல்லை, ஒத்தாசைக்குச் சுற்றமும் இல்லை. வீட்டிலேயே மாவு இடித்து, வீட்டிலேயே அவித்து, அன்றாடம் விற்ற காசில் மறுநாள் அரிசி வாங்கியவள். முதலில் அவித்த பிட்டைச் சொக்கநாதருக்குப் படைத்த பிறகே விற்பனையைத் தொடங்குவாள் என்பது மதுரையில் கதை சொல்கிறவர்கள் விடாமல் சேர்க்கும் செய்தி. வைகை கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்தபோது, குடிமக்கள் அனைவரும் தத்தம் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று அரிமர்த்தன பாண்டியன் ஆணையிட்டான். அனுப்ப ஆளில்லாமல் தவித்த வந்தியின் வாசலுக்குச் சிவன் கூலியாளாக வந்தார். பிட்டையே கூலியாகப் பேசிக்கொண்டு மண் சுமக்கப் போனார். வேலை செய்யாமல் ஆடியும் பாடியும் தூங்கியும் பொழுதைக் கழித்ததால் அரசனிடம் பிரம்படி பட்டார். அந்த அடி அடித்தவன் உட்பட எல்லா உயிர்களின் மேலும் விழுந்தது. அவர் கொட்டிய ஒரு கூடை மண்ணில் உடைப்பு அடைபட்டது.

அடியார் இறைவனுக்குக் கொடுப்பது காணிக்கை. இறைவன் அடியாருக்குக் கொடுப்பது அருள். சமயங்கள் பெரும்பாலும் இந்த இரண்டையே பேசுகின்றன. வந்தி கொடுத்தது இரண்டிலும் சேராது. கூலி என்பது பேசி முடித்த ஒப்பந்தம். வாங்குகிறவனுக்கு உரிமை, கொடுக்கிறவளுக்குக் கடமை. ஏழை வியாபாரி ஒருத்திக்கும் இறைவனுக்கும் இடையே இப்படி ஓர் ஒப்பந்தம் இருக்க முடியுமா, இருந்தால் அங்கே அருளுக்கு என்ன இடம் என்பதுதான் இந்தக் கதை எழுப்பும் தத்துவக் கேள்வி.

கதை பழையது. மாணிக்கவாசகரின் திருவாசகத்திலேயே அதன் சாரம் இருக்கிறது. கீர்த்தித் திருவகவல், மதுரையில் ஓர் அடியவளுக்காக இறைவன் மண் சுமந்ததை அவர் செயல்களில் ஒன்றாகச் சொல்கிறது. அவளுக்குப் பெயர் சொல்லவில்லை. திருவம்மானை, மண் சுமந்து கூலி பெற்றதையும் அரசனிடம் அடிபட்டு மேனியில் புண் சுமந்ததையும் பாடுகிறது. பின்னர் பெரும்பற்றப்புலியூர் நம்பியும், அவருக்குப் பின் பரஞ்சோதி முனிவரும் தங்கள் திருவிளையாடற் புராணங்களில் அதை விரித்தார்கள். பரஞ்சோதியாரின் நூலில் உள்ள 64 விளையாடல்களில் மண் சுமந்தது 61ஆவது. கடவுள் மாமுனிவரின் திருவாதவூரடிகள் புராணத்திலும் இதற்குத் தனிச் சருக்கம் உண்டு. ஈழத்துக் கோயில்களில் மார்கழியில் இன்றும் படித்துப் பொருள் சொல்லப்படும் நூல் அது.

முதலில் அரசனின் ஆணையைப் பார்க்க வேண்டும். அதில் பாரபட்சம் இல்லை. வந்திக்கு வந்த துன்பமே அதனால்தான். நீர்நிலைகளைக் காக்கக் குடிகளிடம் உழைப்பு வாங்குவது தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கம். சோழர் காலக் கல்வெட்டுகளில் கூலியில்லாத உழைப்பு ‘வெட்டி’ என்ற பெயரில் வரிகளோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஏரி, கண்மாய், வாய்க்கால்களை ஊரார் கூடிச் செப்பனிடும் குடிமராமத்து பாண்டி நாட்டுச் சமவெளியின் உயிர்நாடியாக இருந்தது. கரை உடையும் ஆபத்தில் கிராமத்தாரை வேலைக்கு அழைக்கும் அதிகாரத்தை 1858இல் சென்னை மாகாணத்துக் கட்டாய உழைப்புச் சட்டம் அரசு அலுவலர்களுக்குக் கொடுத்தது. இந்திய அரசமைப்பின் 23ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. ஆனாலும் பொதுக் காரியத்துக்காக அரசு சேவையைக் கட்டாயமாக்கலாம், அப்போது மதம், இனம், சாதி, வர்க்கம் என்று மட்டும் வேறுபாடு காட்டக் கூடாது என்கிறது. எல்லோருக்கும் ஒரே பங்கு என்பதே இவற்றின் நீதி. நாலு மகன்கள் உள்ள வீட்டுக்கும் ஒற்றைக் கிழவியின் வீட்டுக்கும் ஒரே பங்கு வைப்பது எப்படிச் சமமாகும் என்ற கேள்வியை வந்தியின் நிலை எழுப்புகிறது. பங்கை முடிக்காவிட்டால் தண்டனை. ஆள் அமர்த்தக் கையில் காசில்லை. அவளே மண் சுமக்க உடம்பில் தெம்பில்லை.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இதன் அடியில் இருக்கிறது. வெள்ளம் தானாக வந்ததல்ல. குதிரை வாங்க அரசன் கொடுத்த பொன்னைத் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்டார், மாணிக்கவாசகர் என்று நாம் அறியும் அமைச்சர் திருவாதவூரர். இறைவன் செயலால் நரிகள் பரிகளாக வந்து, இரவில் மீண்டும் நரிகளாயின. ஏமாந்த அரசன் வாதவூரரைச் சுடுமணலில் நிறுத்தினான். அவரைக் காக்கவே இறைவன் வைகையைப் பெருகச் செய்தார். ஆக, ஓர் அடியாரைக் காக்க வந்த வெள்ளம் இன்னோர் அடியாரின் பிழைப்பில் கை வைத்தது. அமைச்சருக்கு வந்த துன்பத்தை ஊர் முழுதும் அறியும். கிழவிக்கு வந்தது அவள் வீட்டு வாசலோடு நின்றிருக்கும்.

பெரிய நன்மைக்காகச் சிறியவர்கள் படும் துன்பத்துக்கு யார் பொறுப்பு என்று சமயங்கள் எப்போதும் கேட்டு வந்திருக்கின்றன. வினைப்பயன் என்று சொல்லி முடிக்கும் வழி ஒன்று உண்டு. புராணம் அந்த வழியில் போகவில்லை. வெள்ளத்தை வரவழைத்தவரே கூடையும் மண்வெட்டியுமாக வந்து நிற்கிறார். இப்படிப் பார்த்தால் அவர் மண் சுமந்தது இரக்கத்தால் செய்த உதவி மட்டும் ஆகாது; தன்னால் வந்த நட்டத்துக்குத் தானே தோள் கொடுத்ததும் ஆகும். இதைக் கவனிக்காமல் கதையை வெறும் பக்த வாத்சல்யமாகச் சொல்வது அதன் நீதியுணர்வைக் குறைத்துவிடும்.

அவர் வெள்ளத்தை ஒரு சொல்லால் வற்றச் செய்திருக்கலாம். வந்தியின் பங்கை அரசன் மறக்கும்படி செய்திருக்கலாம். இரண்டையும் செய்யாமல் அவளிடம் வேலை கேட்டார். வந்தி அவரிடம் எதையும் யாசிக்கவில்லை. தன் கைச்சரக்கைக் கொடுத்து வேலைக்கு ஆள் பிடித்தாள். வாய்மொழிக் கதையில் இந்தப் பேரம் இன்னும் நுட்பமானது: உதிர்ந்த பிட்டை மட்டும் கூலியாகக் கொடுத்தால் போதும் என்று கூலியாள் சொல்ல, அன்று அவள் அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்துபோனது. உதிராத பிட்டு விலைக்கு, உதிர்ந்தது கூலிக்கு என்பது பேச்சு. விற்க ஒன்றும் மிஞ்சாதபோதும் அவள் பேச்சை மாற்றவில்லை. அவளுடைய பக்தியை அறிய இந்த இடமே போதும். கோயிலுக்குப் போய் என்ன வேண்டினாள் என்பதைக் கதை பெரிதாகப் பேசவில்லை. பேசிய கூலியை முழுதாகக் கொடுத்தாள் என்பதைப் பேசுகிறது.

எளியவர் தரும் சிறு பொருளை இறைவன் பெரிதாக ஏற்பார் என்ற கருத்து பல மரபுகளில் உண்டு. இலையோ பூவோ பழமோ நீரோ அன்போடு தந்தால் ஏற்பேன் என்கிறான் கீதையின் கண்ணன். எருசலேம் ஆலயத்தில் ஏழை விதவை போட்ட இரண்டு காசுகளே எல்லாக் காணிக்கையிலும் பெரிது என்கிறது மாற்கு நற்செய்தி. இவை கொடை. கொடுத்தவருக்குத் திரும்ப ஒன்றும் வர வேண்டியதில்லை. வந்தி கதைக்கு இவற்றைவிட நெருக்கமானது 12ஆம் நூற்றாண்டில் கல்யாண நகரில் பசவண்ணரைச் சூழ்ந்திருந்த வீரசைவ சரணர்களின் ‘காயகம்’ என்ற கொள்கை. பிழைப்புக்கான உழைப்பே வழிபாடு என்பது அது. சிந்திய அரிசியைப் பொறுக்கிப் பிழைத்த ஆய்தக்கி மாரய்யா ஒருநாள் வழக்கத்தைவிட அதிகமாகக் கொண்டுவந்தபோது, தேவைக்கு மேல் நமக்கு எதற்கு என்று திருப்பிக் கொடுத்துவரச் சொன்னாள் அவர் மனைவி லக்கம்மா. அங்கே சிந்திய அரிசி, இங்கே உதிர்ந்த பிட்டு. இரண்டிலும் அறம் அளவில்தான் இருக்கிறது.

பெரியபுராணம் போற்றும் 63 நாயன்மார்களில் வந்தி இல்லை. அந்த வரிசையில் தொழில் செய்தவர்கள் பலர் உண்டு. ஆனால் அவர்களின் பெருமை பெரும்பாலும் தொழிலைத் தாண்டிய ஒரு தியாகத்தில் நிறுவப்படுகிறது. எண்ணெய் வணிகரான கலியர், விளக்கெரிக்க எண்ணெய் இல்லாதபோது தன் கழுத்தையே அரியத் துணிந்தார். துணி வணிகரான அமர்நீதியார், ஒரு கோவணத்துக்கு ஈடாகக் குடும்பத்தோடு தராசில் ஏறினார். வந்தி அப்படி எதுவும் செய்யவில்லை. அன்றும் வழக்கம்போல் பிட்டு அவித்தாள். சைவ இலக்கியத்தில் அன்றாட வியாபாரம் அன்றாடமாகவே இருந்து இறைவனைத் தொட்ட இடங்கள் குறைவு. இது அவற்றில் முதன்மையானது.

அந்த அன்றாடம் எப்படிப்பட்டது என்பதை இன்றைய மதுரையிலும் காணலாம். வைகையின் வடகரையில் இருக்கும் ஆனையூர் 2011இல் மதுரை மாநகராட்சியோடு இணையும் வரை தனி நகராட்சி. அங்கும் அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளிலும் வீட்டுக்கடை என்பது பெரும்பாலும் வாசல் திண்ணையோ முன்னறையோதான். காலையில் இட்லி, ஆப்பம். மாலையில் பணியாரம், வடை. இடையில் மாவுப் பாக்கெட், பிஸ்கட், சோப்பு. கடைக்குப் பெயர்ப் பலகை இருக்காது. அப்பத்தா கடை, ஆச்சி கடை என்று வாடிக்கையாளர்கள் வைத்த முறையே பெயர். கைமுதல் ஒருநாள் சரக்குக்கு மேல் நிற்காது. ஒருநாள் மழை பெய்தால் மறுநாள் அடுப்பு மூட்டக் கடன் வாங்க வேண்டும். தெருவுக்குச் சம்பளம் வரும் நாள்வரை நோட்டில் எழுதி வைத்துக் கொடுக்கும் பற்றுக் கணக்கும் கடைக்காரியுடையதே. ஆனையூரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் இருக்கிறது. தேங்காய்ப்பூ இட்டுக் குழலில் அவிக்கும் பிட்டு அந்த மக்களின் அன்றாட உணவு.

இந்த வியாபாரத்தில் லாபத்துக்கும் தர்மத்துக்கும் நடுவே கோடு போடுவது எளிதல்ல. கோயம்புத்தூர் அருகே வடிவேலம்பாளையத்தில் கமலாத்தாள் என்ற மூதாட்டி ஒரு ரூபாய்க்கு இட்லி விற்பது 2019இல் நாடெங்கும் பேசப்பட்டது. 2022இல் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா அவருக்குக் கடையோடு வீடு கட்டிக் கொடுத்தார். அவர் இட்லியை இலவசமாகக் கொடுக்கவில்லை என்பது முக்கியம். ஒரு ரூபாய் கொடுத்துச் சாப்பிடுகிற கூலித் தொழிலாளி தலை நிமிர்ந்து சாப்பிடுகிறார். விலையும் கூலியும் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இருபுறத்தாரையும் யாசகத்திலிருந்து காக்கின்றன. வந்தியிடம் சிவன் பிட்டைப் பிச்சையாகக் கேட்டிருந்தால் அது பிட்சாடனர் கதையாகியிருக்கும். கூலியாகக் கேட்டதால் அவள் முதலாளி ஆனாள், அவர் ஆளானார்.

சைவ சித்தாந்தத்துக்கு இது புதிர். அடியார் இறைவனை அணுகும் நெறிகளாக அது தாச மார்க்கம், சற்புத்திர மார்க்கம், சக மார்க்கம், சன்மார்க்கம் என நான்கைச் சொல்கிறது. முதல் நெறியில் அடியார் ஏவலாள்; திருநாவுக்கரசர் உழவாரத்தோடு கோயில் முற்றங்களைச் செதுக்கியது அதற்குச் சான்று. வந்தி கதையில் கருவி இறைவன் கைக்குப் போய்விடுகிறது. நான்கு நெறிகளும் மனிதரிடமிருந்து புறப்படுபவை. இறைவனே ஏவலாளாக வருவதற்கு அந்த வரிசையில் தனி இடமில்லை. அதை அவருடைய எளிவந்த தன்மை என்று உரைகாரர்கள் விளக்குவர். அது சரியான விளக்கமே. ஆனால் அந்த எளிமைக்குக் கூலி என்ற வடிவம் ஏன் தேவைப்பட்டது என்பதை அது தொடவில்லை. அவள் மானம் குறையாமல் அவளுக்கு உதவ வேறு வடிவம் இல்லை என்பதே கதை தரும் விடை.

மதுரை ஆவணி மூலத் திருவிழா இதைக் காட்சியாகவே வைத்திருக்கிறது. அந்த விழாவில் சொக்கநாதர் மாணிக்கம் விற்கிறார், வளையல் விற்கிறார், விறகு விற்கிறார். வளையல் விற்ற நாளிலேயே அவருக்குப் பட்டாபிஷேகம் நடந்து மதுரையின் ஆட்சி மீனாட்சியிடமிருந்து அவர் கைக்கு வருகிறது. முடிசூடிய இரண்டாம் நாள் ஆரப்பாளையம் புட்டுத்தோப்புக்கு எழுந்தருளி மண் சுமக்கிறார். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் அங்கே வருகிறார்கள். முன் சொன்ன மூன்று லீலைகளிலும் அவர் விற்கிறவர். இங்கே மட்டும் விற்கிறவள் வேறு, அவர் அவளிடம் வேலைக்கு வந்தவர்.

இனி அந்த அடி. ஏகான்ம வாதப்படி உயிர் ஒன்றே. ஆகவே ஒருவர் மேல் விழுந்தது எல்லோர் மேலும் விழுந்தது என்று எளிதில் சொல்லிவிடலாம். மெய்கண்டாரின் சிவஞானபோதம் அப்படிச் சொல்லாது. அதன் 12 சூத்திரங்களில் இரண்டாவது, இறைவன் உயிர்களோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்பதைப் பேசுகிறது. ஒன்றாய் நிற்பதால் அடி எங்கும் பட்டது. வேறாய் நிற்பதால் அடிபட்ட பிறகும் அரசன் அரசனே, வந்தி வந்தியே. யாரும் யாருக்குள்ளும் கரைந்துபோகவில்லை. உடனாய் நிற்பதால் அடித்தவன் தான் செய்ததைத் தன் முதுகில் உணர்ந்தான். கூலியாளை அடிப்பது அன்றைய அரசுக்குச் சாதாரணம். அவன் வலி அடிப்பவனுக்குத் தெரியாமல் போவதுதான் அந்தச் சாதாரணத்தின் அடித்தளம். அதை இந்த ஒரு நிகழ்ச்சி தகர்த்தது.

இறுதியில் சிவகணங்கள் வந்து வந்தியைச் சிவலோகத்துக்கு அழைத்துப் போயின. அது பிட்டுக்குக் கிடைத்த விலையா? விலையென்றால் வீடுபேறு வாணிபமாகிவிடும். சித்தாந்தம் வீடுபேற்றுக்குச் சொல்லும் காரணங்கள் வேறு: நல்வினை தீவினை இரண்டின் பயனையும் ஒருபடித்தாகக் கருதும் இருவினையொப்பு, மலம் பக்குவப்படுதல், அதன்பின் அருள் பதிதல். பிட்டு முழுதும் உதிர்ந்து ஒருநாள் பிழைப்பு போனபோதும் பேச்சு மாறாத கிழவியிடம் இருவினையொப்பைக் காண்பதில் தடையில்லை. கூலிக் கணக்கு பிட்டோடு தீர்ந்தது. அவள் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாள், கரையும் அடைபட்டது. அதன் பிறகு வந்தது எந்தக் கணக்கிலும் எழுதப்படாதது. அரசன் வாதவூரரை வணங்கிப் பிழை பொறுக்க வேண்டினான். அவர் அமைச்சுப் பதவியை விட்டுத் தில்லை நோக்கிப் புறப்பட்டார்.